சாவியைத் திருப்பினா என்ன சத்தம் கேக்குது?

நேயர்களுக்கு வணக்கம். கார் ரிப்பேரைப் பற்றி வானொலியில் பேச முடியுமா என்று நிலையத்தார் கேட்டபோது கொஞ்சம் தயங்கினேன். ஸ்பேனரும் கையுமாகவே பழகியவன், பொருளைக் காட்டாமல் எப்படிப் பேசுவது? அப்புறம்தான் தோன்றியது, ஸ்டார்ட் ஆகாத வண்டியை நான் கண்ணால் பார்ப்பதற்கு முன்னால் காதால்தானே கேட்கிறேன். யாராவது போனில் கூப்பிட்டு "அண்ணே, வண்டி எடுக்கலை" என்றால், "சாவியைத் திருப்பினா என்ன சத்தம் கேக்குது?" என்றுதான் முதலில் கேட்பேன். போனை பானெட் பக்கத்தில் பிடிக்கச் சொல்வதும் உண்டு. அப்படிக் கேட்டே பாதிக் கோளாறைச் சொல்லிவிடலாம்.

நான் சொல்வது பழைய வண்டிகளைப் பற்றி. அம்பாசடர், பிரீமியர் பத்மினி, நம் சென்னையிலேயே தயாரான ஸ்டாண்டர்ட் ஹெரால்டு, கார்புரேட்டர் வைத்த மாருதி 800. அம்பாசடர் தயாரிப்பு 2014 மே மாதத்தோடு நின்றுபோனது. ஆனாலும் வீட்டு நிழலில் உறை போட்டு வைத்து, ஞாயிற்றுக்கிழமை மட்டும் எடுத்து ஓட்டுகிறவர்கள் எங்கள் பக்கம் இன்னும் இருக்கிறார்கள்.

"டக டக டக டக" என்று பட்டாணி வறுக்கிற மாதிரி சத்தம் வந்தால், சாலினாய்டு, அதாவது இஞ்சினை முதலில் சுற்றிவிடும் செல்ஃப் மோட்டாருக்குக் கரன்டை இணைக்கிற காந்த ஸ்விட்ச், பிடிக்கிறது, மோட்டாருக்குக் கரன்ட் போனவுடன் வோல்டேஜ் விழுகிறது, சாலினாய்டு விட்டுவிடுகிறது, மறுபடி பிடிக்கிறது. பேட்டரி இறங்கியிருக்கும், அல்லது டெர்மினல் லூஸ். "விர்ர்ர்" என்று மோட்டார் மட்டும் தனியாகச் சுற்றினால் அதன் முனையில் இருக்கும் பெண்டிக்ஸ் என்கிற சின்னப் பல்சக்கரம் முன்னால் போய், இஞ்சினைச் சுற்றும் பெரிய பல்வளையமான ரிங் கியரின் பல்லைப் பிடிக்கவில்லை. இதற்குப் பலர் கிரீஸ் வைத்துவிடுகிறார்கள், வைக்கவே கூடாது. கிரீஸில் கிளட்ச் தூசி ஒட்டி, அதுவே பிசினாகிவிடும். மண்ணெண்ணெயில் கழுவிக் காய்ந்த நிலையில் மாட்டினால் போதும். ஒரே ஒரு "டக்", அதற்கப்புறம் மௌனம் என்றால்தான் யோசிக்க வேண்டும்.

அப்போது ஹெட்லைட்டைப் போட்டுவிட்டுச் சாவியைத் திருப்பிப் பாருங்கள். வெளிச்சம் அணைந்தே போனால் பேட்டரியையோ டெர்மினலையோ பார்க்க வேண்டும். வெளிச்சம் கொஞ்சமும் குறையாமல் நின்றால் மோட்டாருக்குக் கரன்ட் போகவே இல்லை. சாலினாய்டுக்குள் இருக்கிற செப்புத் தகடு கருகியிருக்கலாம், மோட்டாருக்குள் கரன்டைக் கடத்தும் கார்பன் கட்டை தேய்ந்திருக்கலாம். கார்பன் தேய்ந்த மோட்டாரை ஸ்பேனர் பிடியால் லேசாகத் தட்டினால் ஒன்றிரண்டு தடவை எடுக்கும். அதை நம்பி வெளியூர் கிளம்ப வேண்டாம், வீடு போய்ச் சேர்கிற வரைதான் தாங்கும்.

புதுக்கோட்டைப் பக்கம் ஓய்வுபெற்ற வாத்தியார் ஒருவர். அவரிடம் 1986 மாடல் அம்பாசடர். "தம்பி, ஆறு மாசத்துல ரெண்டு பேட்டரி மாத்திட்டேன். செல்ஃப் மோட்டாரைக் கழட்டி ஆர்மேச்சர் கட்டியாச்சு. இன்னும் காலையில 'டக்'னு ஒரு தட்டு தட்டிட்டு நின்னுடுது" என்றார். பேட்டரியைச் சோதித்தேன், 12.6 வோல்ட், நிறைந்து இருக்கிறது. "ஐயா, நான் சொல்றப்ப செல்ஃப் அடிங்க" என்று சொல்லிவிட்டு பானெட்டுக்குள் கையை விட்டேன். மூன்று தடவை அடித்தார். எதேச்சையாக என் விரல், குளிரில் ஸ்டார்ட் பண்ண இழுக்கிற சோக் கேபிளில் பட்டது. பொசுக்கென்று சுட்டுவிட்டது.

இஞ்சின் இன்னும் ஓடவே இல்லை, சோக் கேபிள் எப்படிச் சுடும்? பேட்டரியிலிருந்து கிளம்பிய கரன்ட் மோட்டாருக்குப் போய், இஞ்சின் இரும்பு வழியாக இறங்கி, எர்த் பட்டையில் ஏறி பேட்டரிக்குத் திரும்ப வேண்டும். அந்தப் பட்டை, பின்னல் போட்ட செப்புப் பட்டை, இஞ்சினையும் பாடியையும் இணைப்பது. இஞ்சின் ரப்பர் மவுண்டில் உட்கார்ந்திருக்கிறது, ரப்பரில் கரன்ட் போகாது. பட்டை வேலை செய்யாவிட்டால் கரன்ட் வேறு சந்து தேடும். சோக் கேபிள், ஆக்சிலேட்டர் கம்பி என்று கிடைத்ததையெல்லாம் பிடித்துக்கொள்ளும். சில வண்டிகளில் கேபிளின் உறையே உருகிப் புகை வரும்.

கீழே படுத்துப் பார்த்தேன். பட்டை புதிது மாதிரியே இருந்தது. இஞ்சினை இறக்கி வேலை பார்த்த யாரோ, சேஸிஸுக்கு அழகாகக் கறுப்புப் பெயின்ட் அடித்து, அந்தப் பெயின்ட் மேலேயே போல்ட்டை முடுக்கியிருக்கிறார்கள். போல்ட்டைக் கழற்றி உப்புத்தாளால் வெள்ளை இரும்பு தெரியும்வரை தேய்த்து மாட்டினேன். முதல் அடியிலேயே எடுத்தது. இருபது நிமிஷ வேலை. வாத்தியார் இரண்டு பேட்டரிக்கும் ஆர்மேச்சருக்கும் கொடுத்த காசைக் கணக்குப் போட்டுக்கொண்டே டீ வாங்கிக் கொடுத்தார்.

செல்ஃப் மோட்டார் சுற்றும்போது சுமார் 150 ஆம்பியர் இழுக்கிறது. வழியில் எங்காவது வெறும் 0.02 ஓம் தடை இருந்தால்கூட 3 வோல்ட் அங்கேயே போய்விடும். வீட்டு பல்புக்கு அந்தத் தடை ஒரு பொருட்டே இல்லை, செல்ஃபுக்கு அது மலை. அதனால்தான் ஹார்னும் லைட்டும் நன்றாக இருக்கும், செல்ஃப் மட்டும் எடுக்காது. மல்டிமீட்டர் இருந்தால் ஒரு முனையை பேட்டரியின் நெகட்டிவ் கம்பத்திலும், மறு முனையை இஞ்சின் இரும்பிலும் வைத்துவிட்டு ஒருவரைச் செல்ஃப் அடிக்கச் சொல்லுங்கள். அரை வோல்ட்டுக்கு மேல் காட்டினால் எர்த் சரியில்லை. மீட்டரும் இல்லையா? ஜம்பர் கேபிளின் ஒரு முனையை நெகட்டிவிலும் மறுமுனையை இஞ்சின் பிளாக்கிலும் கவ்விவிட்டு அடியுங்கள். எடுத்துவிட்டால் கோளாறு எங்கே என்று தெரிந்துபோகும். பழைய இங்கிலாந்து வடிவ வண்டிகளில் சிலவற்றில் பாசிட்டிவ்தான் எர்த். கேபிளைக் கவ்வும் முன் அதைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

இன்னொன்று, இது விளையாட்டில்லை. ஸ்க்ரூடிரைவரால் சாலினாய்டை ஷார்ட் பண்ணி ஸ்டார்ட் பண்ணுகிற பழக்கம் நம் ஆட்களிடம் உண்டு. வண்டி கியரில் இருந்தால் அந்த இடத்திலேயே முன்னால் பாய்ந்துவிடும், எதிரில் நிற்பது நீங்கள்தான். நியூட்ரல், ஹேண்ட் பிரேக், சக்கரத்துக்கு ஒரு கல். இதற்கப்புறம்தான் எதையும் தொட வேண்டும்.

செல்ஃப் நன்றாகச் சுற்றுகிறது, ஆனால் இஞ்சின் பிடிக்கவில்லை என்றால் இக்னிஷன், அதாவது பெட்ரோலுக்குத் தீப்பொறி கொடுக்கும் பக்கம் வர வேண்டும். வோல்டேஜை ஏற்றிக் கொடுக்கும் காயிலின் நடுவிலிருந்து, அதை ஒவ்வொரு பிளக்குக்கும் பங்கிடும் டிஸ்ட்ரிபியூட்டருக்கு வரும் தடித்த வயரைப் பிடுங்கி, இன்சுலேஷன் போட்ட பிளையரால் பிடித்து, இஞ்சின் இரும்பிலிருந்து ஐந்து மில்லிமீட்டர் தள்ளிக் காட்டி, ஒருவரைச் செல்ஃப் அடிக்கச் சொல்லுங்கள். பெட்ரோல் கசிவு இருந்தால் இதைச் செய்யவே கூடாது. எலக்ட்ரானிக் இக்னிஷன் வண்டியிலும் வேண்டாம். "சட் சட்" என்று நீலமாகத் தெறித்தால் காயிலும், அதற்குப் போகும் கரன்டை விட்டுவிட்டு வெட்டுகிற பாயிண்ட்டும் சரி. மஞ்சளாக, சோம்பலாக வந்தால் பாயிண்ட்டைத் திறந்து பாருங்கள். ஒரு பக்கம் மேடு, ஒரு பக்கம் பள்ளமாகக் கருகியிருந்தால் பாயிண்ட் கருகாமல் காக்கும் கண்டன்சர் மேல் சந்தேகப்படலாம். பாயிண்ட்டை மட்டும் மாற்றினால் அதுவும் சீக்கிரம் கருகும்.

அம்பாசடரின் பழைய 1489 சி.சி. இஞ்சினுக்குப் பாயிண்ட் இடைவெளி 0.4 மில்லிமீட்டர், பிளக்குக்கு 0.6. இடைவெளி அளக்கிற ஃபீலர் கேஜ் இல்லாத இடத்தில் எங்கள் மேஸ்திரி ஹாக்ஸா பிளேடின் உடைந்த துண்டைத்தான் பிளக் இடைவெளியில் சொருகிப் பார்ப்பார். சின்னப் பையனாக இருந்தபோது, சும்மா கைக்குக் கிடைத்ததை வைக்கிறார் என்று நினைத்தேன். பிற்பாடு மைக்ரோமீட்டரில் அளந்தேன், 0.63. கிழவர் கில்லாடிதான்.

சாவியைத் திருப்பிப் பிடித்திருக்கும்வரை பிடிக்கிறது, விட்டவுடன் அணைகிறது என்றால் காயிலுக்கு முன்னால் கரன்டைக் குறைத்துக் கொடுக்கும் பல்லாஸ்ட் ரெசிஸ்டர் அறுந்திருக்கும், அல்லது இக்னிஷன் ஸ்விட்சில் கோளாறு. செல்ஃப் அடிக்கும்போது கரன்ட் அந்த ரெசிஸ்டரைச் சுற்றிக்கொண்டு நேரே காயிலுக்குப் போகும். கையை எடுத்ததும் ரெசிஸ்டர் வழியாகத்தான் வர வேண்டும், அது அறுந்திருந்தால் என்ன வரும்? எல்லா வண்டியிலும் பல்லாஸ்ட் இருக்காது, வயரைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

சித்திரை வெயிலில் ஓடி நின்ற வண்டி எடுக்காது, அரை மணி கழித்து எடுக்கும். இதில் இரண்டு சந்தேகம் உண்டு. பெட்ரோல் பம்பில் ஆவி அடைத்திருக்கலாம், காயில் சூடேறி உள்ளே பலவீனமாகியிருக்கலாம். அந்தக் காலத்து டாக்ஸி டிரைவர்கள் பம்பின் மேல் ஈரத்துணி சுற்றி வைத்திருப்பார்கள். எது என்று அறிய மறுபடி நின்றவுடன் அந்த ஸ்பார்க்கைப் பாருங்கள். நீலமாக வந்தால் பம்பு, வராவிட்டால் காயில்.

ஐப்பசி மழையில் நேர்மாறு. ராத்திரி முழுக்க ஈரத்தில் நின்ற வண்டியின் டிஸ்ட்ரிபியூட்டர் மூடியைக் கழற்றினால் உள்ளே வியர்த்திருக்கும். உலர்ந்த பருத்தித் துணியால் துடைத்து மாட்டினாலே பாதி வண்டிகள் எடுக்கும். எடுக்காவிட்டால் இருட்டில் பானெட்டைத் திறந்து வைத்துச் செல்ஃப் அடிக்கச் சொல்லுங்கள். மூடியில் மயிரிழை விரிசல் இருந்தால் அதன் வழியே நீலப் புழு மாதிரி நெளிவது தெரியும். அந்த மூடியை ஒட்டவைத்துப் பிழைக்க முடியாது, மாற்றத்தான் வேண்டும்.

பழைய வண்டி வைத்திருப்பவர்கள் டிக்கியில் ஒரு சின்ன டப்பா வைத்துக்கொள்ளலாம். ஒரு துண்டு உப்புத்தாள், ஹாக்ஸா பிளேடு துண்டு, இரண்டு வயர் பற்றவைத்த 12 வோல்ட் பல்பு, கூடவே ஒரு கண்டன்சர். புதிதாகக் கடையில் வாங்கிய கண்டன்சரை அப்படியே டப்பாவில் போட வேண்டாம். புதியதை வண்டியில் மாட்டி ஒரு மாதம் ஓட்டிப் பாருங்கள். நன்றாக ஓடிக்கொண்டிருந்த பழையதைக் கழற்றி டப்பாவில் வையுங்கள். வணக்கம்.