புயலுக்கு முன்னே வரும் வெண்கீற்று

பெருமதிப்பிற்குரிய விழாத் தலைவர் அவர்களே, இனிய வரவேற்புரை வழங்கிய செயலாளர் அவர்களே, வானிலைப் பணியில் ஆயுளின் பெரும்பகுதியைச் செலவிட்டு, உடல் தளர்ந்த நிலையிலும் முன்வரிசையில் வந்து அமர்ந்திருக்கும் பெரியவர் அவர்களே, மாணவச் செல்வங்களை அழைத்து வந்திருக்கும் ஆசிரியப் பெருமக்களே, உங்கள் அனைவருக்கும் என் பணிவான வணக்கம். தலைவர் அவர்கள் என்னைப் பற்றிச் சொன்ன நல்ல சொற்கள் அவருடைய பெருந்தன்மையைக் காட்டுகின்றன. அவருக்கு மீண்டும் நன்றி.

மூன்று செய்திகளைச் சொல்ல வந்திருக்கிறேன். வெப்பமண்டலப் புயல் உச்சிவானில் பனிமேகத்தை எப்படி உண்டாக்குகிறது என்பது ஒன்று. அதற்கும் வெகு உயரத்தில் இருக்கும் மேகங்களுக்குப் புயலோடு என்ன உறவு என்பது இரண்டாவது. இந்த மேகங்கள் பூமியின் வெப்பத்தை என்ன செய்கின்றன என்பது மூன்றாவது.

'யானை வரும் பின்னே, மணியோசை வரும் முன்னே' என்பார்கள். புயல் என்ற யானைக்கும் மணி உண்டு. அது காதில் விழாது, கண்ணில் படும். வானத்தின் உச்சியில் இறகு போல நீளும் வெண்மையான கீற்று மேகம்தான் அந்த மணி.

சூடான கடலிலிருந்து எழும் நீராவி மேலே குளிர்ந்து துளியாகிறது. அப்போது வெளிப்படும் வெப்பம் காற்றை இன்னும் மேலே தள்ளுகிறது. தூய நீர்த்துளி சுழியத்துக்குக் கீழே போனதும் உறைந்துவிடுவதில்லை. ஒட்டிக்கொள்ளத் தூசி கிடைக்காவிட்டால் ஏறத்தாழ மைனஸ் 38 டிகிரி வரை நீராகவே தாக்குப்பிடிக்கும். அதைவிடக் குளிர்ந்த உயரத்தில் எல்லாம் பனித்துகள். 16, 17 கிலோமீட்டர் உயரத்தில், மைனஸ் 80 டிகிரியை ஒட்டிய குளிரில், ஏறிவந்த காற்று கூரையில் முட்டிய புகை போலப் பக்கவாட்டில் விரிகிறது. பனித்துகள்கள் மிகச் சிறியவை, மெல்லத்தான் இறங்கும். ஆகவே புயலின் நடுவிலிருந்து பல நூறு கிலோமீட்டர் தொலைவுக்கு அவை பயணம் போகின்றன. கரையில் நிற்பவருக்குக் காற்று அசையாத நாளிலேயே கீற்று வந்து சேர்ந்துவிடுகிறது.

இந்த மணியோசையைக் கேட்ட ஒரு மனிதரைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும். பெனிட்டோ வினேஸ் என்ற ஸ்பானியப் பாதிரியார் 1870-இல் கியூபாவின் ஹவானா நகரில், பெலன் கல்லூரி வானாய்வகத்தின் பொறுப்பை ஏற்றார். செயற்கைக்கோள் கிடையாது, ரேடார் கிடையாது. காற்றழுத்தமானி இருந்தது, குறிப்பேடு இருந்தது, ஓயாத இரண்டு கண்கள் இருந்தன. நாள்தோறும் பலமுறை வானத்தைப் பார்த்தார், எழுதினார். எந்த மேகம் எந்த உயரத்தில் எந்தத் திசையில் நகர்கிறது என்று எழுதினார். ஆண்டுக்கணக்கில் எழுதிய பிறகு ஓர் ஒழுங்கு புலப்பட்டது. தாழ்ந்த மேகங்கள் புயலின் நடுவை நோக்கிச் சுழன்று உள்ளே போகின்றன, உச்சியிலுள்ள கீற்றுகளோ நடுவிலிருந்து வெளியே விரிகின்றன! அப்படியானால் இறகுகள் எல்லாம் எந்தப் புள்ளியிலிருந்து கிளம்புகின்றனவோ அங்கேதான் புயல் இருக்கிறது. கடலைக் காணாமலே கடலில் இருக்கும் புயலின் இடத்தைச் சுட்டிக்காட்டினார் அவர். 1875 செப்டம்பர் 11-ஆம் நாள் அவர் வெளியிட்ட எச்சரிக்கையை வரலாறு இன்றும் நினைவில் வைத்திருக்கிறது. 1893-இல் மறையும் வரை அந்தக் குறிப்பேட்டை அவர் மூடவில்லை. யானை வரும் பின்னே, மணியோசை வரும் முன்னே. கேட்பதற்கு ஒருவர் விழித்திருந்தார், அவ்வளவுதான்.

இரண்டாவது செய்திக்கு வருகிறேன். தரையிலிருந்து 80 கிலோமீட்டருக்கும் மேலே, துருவப் பகுதிகளின் கோடைக்காலத்தில், நீலவெள்ளி நிறத்தில் இரவொளிர் மேகங்கள் தோன்றுகின்றன. 1885-இல்தான் அவை பரவலாகக் குறிக்கப்பட்டன. எரிந்த விண்கற்களின் நுண்தூசியில் படியும் பனிதான் அவை. புயலின் மேகக் கோபுரங்கள் மேலுள்ள காற்றை முட்டும்போது, குளத்தில் கல் விழுந்தாற்போல அலைகள் எழும்புகின்றன. மேலே காற்று மெலிய மெலிய அலை பெரிதாகி, உச்சியில் உடைந்து, அங்குள்ள காற்றோட்டத்தையும் குளிரையும் மாற்றுகிறது. அந்த மாற்றம் துருவத்து மேகங்களையும் தொடுகிறதா என்று ஆய்வாளர்கள் தேடிவருகிறார்கள். அந்த மேகங்களைக் கவனிப்பதற்கென்றே 2007-இல் நாசா ஒரு செயற்கைக்கோளை ஏவியது.

மூன்றாவது செய்தியில் ஒன்றை மட்டும் சொல்கிறேன். மெல்லிய கீற்று மேகம் பூமியின் வெப்பத்தைப் போர்வை போலத் தடுக்கிறது, தடித்தது சூரிய ஒளியைத் திருப்பி அனுப்புகிறது. எஞ்சிய நேரத்தை நான் வந்த காரணத்துக்குத் தாருங்கள்.

பள்ளிதோறும் ஒரு மேகக் குறிப்பேடு வேண்டும். பல ஆண்டுகளாக மேடைதோறும் இதைத்தான் கேட்டுவருகிறேன். மேலிருந்து எடுத்த படம் கையில் இருக்கிறதே, கண்ணால் பார்ப்பானேன் என்று கேட்கிறார்கள். கண்ணுக்கே எட்டாத அளவு மெல்லிய பனிமேகத்தையும் இன்று கருவி அளக்கிறது, அதை நான் வணங்குகிறேன். ஆனால் படத்தைப் பார்த்துக் கேள்வி கேட்கும் பிள்ளை, முதலில் வானத்தைப் பார்த்துப் பழகிய பிள்ளையாக இருக்க வேண்டும். காலையில் ஐந்து நிமிடம், மாலையில் ஐந்து நிமிடம். கீற்றா, குவியலா, எந்தத் திசை, எத்தனை மணி. இதற்குக் கட்டணம் இல்லை, கருவி இல்லை. பாடவேளையில் பத்து நிமிடம் ஒதுக்க மனம் வேண்டும். யானைக்கு முன்னே மணி அடித்துக்கொண்டுதான் இருக்கிறது, நம் பிள்ளைகளோ தலை நிமிராமல் நடக்கிறார்கள்.

தலைவர் அவர்களின் அனுமதியோடு கோரிக்கைப் படிவத்தை வாயிலருகே மேசையில் வைத்திருக்கிறேன். ஆசிரியர்கள் கையெழுத்திட்டுச் செல்ல வேண்டுகிறேன். கோடிட்ட குறிப்பேடுகளும் அங்கே அடுக்கியிருக்கின்றன. முதல் பக்கத்தில் இன்றைய தேதியை எழுதியே வைத்திருக்கிறேன். வெளியே போனதும் வானத்தைப் பார்த்து, அடுத்த கட்டத்தை நிரப்புங்கள்.