கட்டிடம் இருக்கிறது, கழுவ ஆள் இல்லை

(குடியாத்தத்தில் பெற்றோர், பள்ளி மேலாண்மைக் குழு உறுப்பினர்கள் கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம்)

மேடையில் வீற்றிருக்கும் தலைவர் அவர்களே, நகர்மன்ற உறுப்பினர் அவர்களே, வட்டாரக் கல்வி அலுவலர் அவர்களே, ஆரம்ப சுகாதார நிலையத்திலிருந்து வந்திருக்கிற டாக்டரம்மா அவர்களே, வாடகை வாங்காமல் மண்டபத்தைத் திறந்துவிட்ட பெரியவர் அவர்களே, பிள்ளைகளை இடுப்பில் வைத்துக்கொண்டு பின்னால் நிற்கிற தாய்மார்களே, எல்லாருக்கும் என் வணக்கம். பொன்னாடைக்குப் பதிலாக நம் ஊர்த் தறியில் நெய்த துண்டைப் போட்டீர்கள். அதற்குத் தனியாக ஒரு நன்றி. நாற்காலி போட்ட இளைஞர்களுக்கும், மைக் செட்காரத் தம்பிக்கும் நன்றி.

பள்ளிக்கூடத்தில் பிள்ளைகளின் ஆரோக்கியத்துக்காக அரசாங்கத்திடம் ஒன்று கேட்க வேண்டும் என்றால் மூன்று விஷயம் தெரிய வேண்டும். எதைக் கேட்பது, யாரிடம் கேட்பது, எப்போது கேட்பது. நம் பெரியவர்கள் இதை ஒரே வரியில் சொன்னார்கள்: ஆடிக் கறக்கிற மாட்டை ஆடிக் கறக்கணும், பாடிக் கறக்கிற மாட்டைப் பாடிக் கறக்கணும்.

இப்படிக் கேட்கிற உரிமை இந்த ஊருக்குக் கொஞ்சம் கூடுதலாகவே உண்டு. 1954இல் முதலமைச்சரான காமராஜர் சட்டமன்றத்துக்குப் போனது குடியாத்தம் இடைத்தேர்தலில் ஜெயித்துத்தான். 1956இல் மதிய உணவுத் திட்டத்தைத் தொடங்கியபோது அவர் நம் தொகுதி எம்.எல்.ஏ. அப்புறம் 1982இல் எம்.ஜி.ஆர். சத்துணவைக் கொண்டுவந்தார். 2022இல் காலை உணவும் வந்தது. வருஷத்துக்கு ஒரு தடவை டாக்டர் குழு வந்து பிள்ளைகளைப் பார்க்கிறது. வாரத்துக்கு ஒரு இரும்புச்சத்து மாத்திரை, வருஷத்துக்கு இரண்டு தடவை பூச்சி மாத்திரை. நல்ல திட்டங்கள், மனசாரப் பாராட்டுகிறேன். ஆனால் சாப்பிட்ட பிள்ளை வெளிக்குப் போக வேண்டாமா? தண்ணீர் குடித்த பிள்ளை ஒண்ணுக்குப் போக வேண்டாமா?

நான் வேலை பார்த்த ஒரு பள்ளியில் நடந்ததைச் சொல்கிறேன். ஜூன் மாதம். பள்ளி திறந்தும் வேலூர் வெயில் இறங்கவில்லை. காலை வழிபாட்டில் ஒன்பதாம் வகுப்புப் பிள்ளை ஒருத்தி தடாலென்று விழுந்தாள். தண்ணீர் தெளித்தோம், விசிறினோம். "சாப்பிட்டியாம்மா?" என்றேன். சாப்பிட்டிருக்கிறாள். "தண்ணி குடிச்சியா?" என்றேன். தலையைக் குனிந்துகொண்டாள். அவள் அம்மா பீடி சுற்றுகிறவர், முறத்தை அப்படியே வைத்துவிட்டு ஓடி வந்தார். "காலைல ஒரு வாய் தண்ணி குடிக்க மாட்டேங்குது டீச்சர். ஏன்டின்னா, குடிச்சா போகணும், அங்க போக முடியாதும்மான்னு சொல்லுது. மாசத்துல ரெண்டு வாட்டி நீர்க்கடுப்பு" என்றார். எனக்கு நெஞ்சை அடைத்தது. நான் தினமும் நடக்கிற வராண்டாவுக்குப் பின்னால்தான் அந்தக் கழிப்பறை. டைல்ஸ் ஒட்டிய கட்டிடம். கதவைத் திறந்தால் உள்ளே கால் வைக்க முடியாது.

கோபத்தோடு ஒரு மனு எழுதினேன். இரண்டு பக்கம் நிறைய ஆவேசம். சத்துவாச்சாரியில் கலெக்டர் ஆபீசில் திங்கட்கிழமை குறைதீர்க்கும் கூட்டத்தில் வரிசையில் நின்று கொடுத்தேன். மனு ஒரு அலுவலகத்துக்குப் போனது. அங்கிருந்து இன்னொன்றுக்கு. கட்டிடம் எங்களுடையது, சுத்தம் அவர்கள் பொறுப்பு என்றது ஒன்று. பள்ளிக்கூடம் எங்களுடையது இல்லை என்றது மற்றது. ஒரு வருஷம் போய்விட்டது.

அந்த அம்மாதான் வழி காட்டினார். ஒரு நாற்பது பக்க நோட்டை எடுத்துக்கொண்டு, மதியம் மணி அடித்ததும் பள்ளி வாசலில் உட்கார்ந்தார். ஒண்ணுக்குப் போக வீட்டுக்கு ஓடுகிற பெண் பிள்ளைகளை எண்ணினார். திரும்பி வராத பிள்ளைகளையும் எண்ணினார். அவருக்கு எழுத வராது, கோடு போட்டார். ஒரு மாதம் முழுக்கக் கோடு. அந்த நோட்டைத்தான் அடுத்த தடவை கொண்டுபோனோம். சத்தம் போடவில்லை, மேஜைமேல் விரித்து வைத்தோம். அங்கிருந்த அதிகாரி ஒவ்வொரு பக்கமாகத் திருப்பினார். பதினைந்து நாளில் காலையும் மதியமும் கழுவ ஒரு பெண்மணி வந்தார். அந்த அதிகாரியிடம் நான் ஆடிப் பார்த்திருந்தேன். அவர் பாடினால் கறக்கிறவர்.

சரி, எதைக் கேட்பது? இன்னொரு கட்டிடம் கேட்காதீர்கள். 2009ஆம் ஆண்டுக் கல்வி உரிமைச் சட்டத்தின் அட்டவணையில் ஆண், பெண் பிள்ளைகளுக்குத் தனித்தனிக் கழிப்பறை வேண்டும் என்று இருக்கிறது. தினமும் கழுவ ஆள் வேண்டும் என்று அதில் ஒரு வரி இல்லை. இருக்கிற காசையும் பாருங்கள். 250 பிள்ளைகளுக்கு மேல் ஆயிரம் வரை படிக்கிற பள்ளிக்கு ஒருங்கிணைந்த பள்ளி மானியம் வருஷத்துக்கு 75,000 ரூபாய் என்கிறது சமக்ர சிக்ஷா என்கிற ஒருங்கிணைந்த பள்ளிக் கல்வித் திட்டத்தின் கணக்கு. அதில் பத்தில் ஒரு பங்காவது தூய்மைக்குச் செலவிடச் சொல்கிறார்கள். 7,500 ரூபாய். மாதம் 625. அதில் பினாயிலும் பிளீச்சிங் பவுடரும் தொடப்பமும் வாங்கலாம், ஒரு மனுஷிக்குச் சம்பளம் கொடுக்க முடியுமா? பள்ளிக்கு ஒரு தூய்மைப் பணியாளர், மாதாமாதம் ஒழுங்கான சம்பளம், கையுறை, பூட்ஸ் என்று அரசாணையில் எழுதி வாங்க வேண்டும். தலைமையாசிரியர் கைக்காசிலும், பிள்ளைகளைக் கழுவ வைப்பதிலும் இது ஓடக் கூடாது. பிள்ளைகளைக் கழுவ வைப்பது பெரிய பாவம். அதிலும் எந்தத் தெருப் பிள்ளையைக் கூப்பிடுகிறார்கள் என்று நம் எல்லாருக்கும் தெரியும்.

யாரிடம் என்பது நோட்டுக் கதையிலேயே வந்துவிட்டது. ஆனாலும் ஒன்று. பள்ளி மேலாண்மைக் குழுவில் முக்கால் பங்கு பெற்றோர், மொத்தத்தில் பாதிப் பேர் பெண்கள் இருக்க வேண்டும் என்பது சட்டம். கையெழுத்து மட்டும் போட்டுவிட்டு வராதீர்கள். தீர்மானமாக எழுதச் சொல்லுங்கள், நகல் வாங்குங்கள். டாக்டரம்மா, பிள்ளைகளைப் பரிசோதிக்க வரும்போது கழிப்பறையையும் ஒரு எட்டுப் பார்த்து எழுதிக் கொடுத்தால் எங்கள் மனுவுக்குப் பலம் கூடும்.

எப்போது என்றால், பட்ஜெட் வந்தபிறகு ஓடிப் பிரயோஜனமில்லை. ஊராட்சிகளிலிருந்து வந்திருப்பவர்கள் நவம்பர் 1 கிராமசபையில் இதைத் தீர்மானமாக வையுங்கள். தலைவர் மணி பார்க்கிறார், அவருக்கும் பஸ் பிடிக்க வேண்டிய உங்களுக்கும் நேரமாகிறது.

வாசலில் நாற்பது பக்க நோட்டுகள் கட்டாக இருக்கின்றன. பள்ளிக்கு ஒன்று எடுத்துக்கொள்ளுங்கள். எழுதத் தெரியாதவர்கள் கோடு போட்டால் போதும். ஒரு மாதம் கழித்து, இதே மண்டபத்தில், அந்த நோட்டுகளோடு சந்திப்போம். நன்றி, வணக்கம்.