வகுப்பறை உதவி ஆசிரியர் நேர்காணல்: பள்ளி உங்களிடம் எதைப் பார்க்கிறது?

(காட்சி: சேலம், ஐந்து ரோடு, காலை எட்டு மணி. பிறகு ஒரு பள்ளி அலுவலகத்தின் வராந்தா. மடியில் ஃபைலுடன் நான்கு பெண்களும் ஓர் இளைஞரும் காத்திருக்கிறார்கள்.)

வணக்கம். ஏப்ரல், மே மாதங்களில் சேலத்தின் மழலையர் பள்ளி எதற்குச் சென்றாலும் இப்படிச் சிலர் காத்திருப்பதைக் காணலாம். விளம்பரத்தில் அசிஸ்டென்ட் டீச்சர், கோ-டீச்சர், ஷேடோ டீச்சர் என்று பள்ளிக்கு ஒரு பெயர் இருக்கும். வகுப்பு ஆசிரியர் பாடம் நடத்தும்போது பென்சில் பிடிக்கத் தெரியாத குழந்தையின் அருகில் அமர்வதும், அழும் குழந்தையை ஆற்றுவதும், டைரி எழுதுவதும், மாலையில் வேனில் யார் ஏறினார்கள் என்று சரிபார்ப்பதும் அந்த வேலையின் உள்ளடக்கம். பதினோரு ஆண்டுகள் நான் அந்த வேலையைச் செய்தேன். பிறகு நேர்காணல் நடத்துபவர்களுடன் மேசையின் மறுபக்கத்தில் அமரும் பொறுப்பும் எனக்கு வந்தது. இரு பக்கமும் அமர்ந்தவள் என்பதால், அந்த இருபது நிமிடங்களில் பள்ளி உண்மையில் எதைத் தேடுகிறது என்பதை விளக்கிச் சொல்ல விரும்புகிறேன்.

வந்திருப்பவரின் கண் எங்கே இருக்கிறது என்பதைத்தான் பள்ளி தேடுகிறது. நேர்காணலின் நடுவே ஒரு குழந்தை வாசலில் வந்து நின்று எட்டிப் பார்த்தால், சிலர் அதைத் தொந்தரவாக எண்ணிப் பேச்சை உயர்த்துவார்கள். சிலரோ பதில் சொல்லிக்கொண்டே அந்தக் குழந்தையின் அவிழ்ந்த ஷூ லேஸைக் கவனித்துவிடுவார்கள். இரண்டாமவர் பேச்சில் தடுமாறினாலும் அவரையே தேர்ந்தெடுக்க வேண்டும் என்று நான் பலமுறை வாதிட்டிருக்கிறேன்.

முதல் கேள்வி பெரும்பாலும் "உங்களைப் பற்றிச் சொல்லுங்கள்" என்பதாகவே இருக்கும். ஊர், படிப்பு, குடும்பம் ஆகியவற்றை நான்கு வாக்கியங்களில் முடித்துவிடலாம், ஏனென்றால் அவையெல்லாம் பயோடேட்டாவிலேயே இருக்கின்றன. அடுத்து வரும் "ஏன் இந்த வேலை?" என்ற கேள்விக்குத்தான் தயாரிப்பு வேண்டும். "எனக்குக் குழந்தைகள் என்றால் மிகவும் பிடிக்கும்" என்ற பதிலை ஒரே காலையில் ஐந்து பேரிடமும் கேட்டிருக்கிறேன். அது பொய்யில்லை, ஆனால் அதிலிருந்து எதையும் தெரிந்துகொள்ள முடிவதில்லை. அதற்குப் பதிலாக, நீங்கள் அறிந்த ஒரே ஒரு குழந்தையைப் பற்றிச் சொல்லுங்கள். 2021-இல் தொடங்கிய இல்லம் தேடிக் கல்வித் திட்டத்தில் தன்னார்வலராக இருந்தவர்கள் சேலத்தில் பலர் உண்டு. அப்படி வந்த ஒருவர், கழித்தல் கணக்கில் கடன் வாங்கத் தெரியாமல் தவித்த சிறுமிக்குப் புளியங்கொட்டைகளைப் பத்துப் பத்தாகக் கட்டிவைத்து, ஒரு கட்டைப் பிரித்துக் காட்டியபோது அவளுக்குப் புரிந்துவிட்டது என்று விவரித்தார். அவருடைய பட்டச் சான்றிதழை நாங்கள் திறந்து பார்த்தது அதன் பிறகுதான். முன் அனுபவம் இல்லாதவர்களும் கலங்க வேண்டியதில்லை. தம்பிக்கோ பக்கத்து வீட்டுப் பிள்ளைக்கோ சொல்லிக்கொடுத்ததைக் கூட, எங்கே பிசகியது, பிறகு என்ன மாற்றினீர்கள் என்பதோடு சொன்னால் அது அனுபவமாகவே எண்ணப்படும்.

(காட்சி: கரும்பலகை அருகே வகுப்பு ஆசிரியர். பின்வரிசையில் தரையில் அமர்ந்து ஒரு குழந்தையுடன் மெல்லப் பேசும் உதவி ஆசிரியர்.)

"வகுப்பு ஆசிரியர் செய்வது தவறு என்று உங்களுக்குத் தோன்றினால் என்ன செய்வீர்கள்?" என்ற கேள்வி கட்டாயம் வரும் என்றே எண்ணிக்கொள்ளுங்கள். "அவர் சொல்வதையே கேட்பேன்" என்று தலையாட்டுவதும், "நேரடியாகச் சொல்லிவிடுவேன்" என்று நிமிர்வதும் பாதிப் பதில்கள். குழந்தைகளின் முன்னால் ஆசிரியரை மறுத்துப் பேசினால், அன்றிலிருந்து அந்த வகுப்பு இருவர் சொல்வதையும் கேட்காது. ஆகவே எழுத்துப் பிழையோ, வேகமாக ஓடும் பாடமோ என்றால், இடைவேளையில் தனியாக, "மிஸ், கடைசி வரிசையில் மூன்று பேர் இன்னும் முதல் வரியிலேயே இருக்கிறார்கள்" என்று நீங்கள் கண்டதை மட்டும் சொல்வதே முறை. குழந்தையை அடித்தாலோ அவமானப்படுத்தினாலோ அந்த முறை பொருந்தாது. அப்போது தலைமையாசிரியரிடம் அன்றே செல்ல வேண்டும். இந்த வேறுபாட்டை நீங்களாகவே பிரித்துச் சொன்னால், எதிரே இருப்பவர்கள் அதன் பிறகு கேட்கும் தொனியே மாறிவிடும்.

குழந்தைப் பாதுகாப்பில் சட்டம் சொல்வதைத் துல்லியமாக அறிந்திருங்கள். 2009-ஆம் ஆண்டின் கட்டாயக் கல்வி உரிமைச் சட்டத்தின் 17-ஆம் பிரிவு, உடல் தண்டனையையும் மன உளைச்சல் தருவதையும் தடை செய்கிறது. அந்தச் சட்டம் 6 முதல் 14 வயதுவரை உள்ளவர்களுக்குத்தானே என்று எல்.கே.ஜி. வேலைக்கு வந்த ஒருவர் கேட்டார். நான்கு வயதுக் குழந்தையை அடிக்க இடமிருக்கிறதா என்று தேடும் மனத்தோடு இந்த வேலைக்கு வரவே கூடாது என்பது என் உறுதியான கருத்து. அடுத்து, குழந்தைகளைப் பாலியல் குற்றங்களிலிருந்து பாதுகாக்கும் 2012-ஆம் ஆண்டின் போக்சோ சட்டம். "யாரிடமும் சொல்ல மாட்டேன் என்று சத்தியம் செய்தால் ஒன்று சொல்கிறேன், மிஸ்" என்று ஒரு குழந்தை கேட்டால் என்ன செய்வீர்கள் என்று பல பள்ளிகளில் கேட்கிறார்கள். அந்தச் சத்தியத்தைச் செய்யக் கூடாது. "உனக்கு உதவி செய்யக்கூடியவர்களிடம் மட்டும் சொல்வேன்" என்று உண்மையைச் சொல்லி, துருவித் துருவிக் கேட்காமல், குழந்தை சொன்ன சொற்களை அப்படியே குறித்துக்கொண்டு, தாமதமின்றித் தலைமையாசிரியரிடம் தெரிவிக்க வேண்டும். பள்ளிக்குச் சொன்னதோடு கடமை முடிந்துவிடுவதில்லை. சட்டத்தின் 19-ஆம் பிரிவு, அறிந்தவர் எவராயினும் காவல்துறைக்குத் தெரிவிக்க வேண்டும் என்கிறது, அதைச் செய்யாமல் விடுவது 21-ஆம் பிரிவின்படி தண்டனைக்குரியது. 1098 என்ற குழந்தைகள் உதவி எண்ணையும், தமிழ்நாட்டு மாணவர்களுக்கான 14417 என்ற எண்ணையும் மனப்பாடமாக வைத்திருங்கள்.

(காட்சி: யு.கே.ஜி. வகுப்பு. தரையில் வட்டமாகக் குழந்தைகள்.)

டெமோ கிளாஸ் என்று உங்களை வகுப்புக்குள் அனுப்பும் பதினைந்து நிமிடங்கள்தாம் நேர்காணலின் உயிர்நாடி. உதவி ஆசிரியர் வேலைக்கு வருபவர்கள் பலர், அங்கே முழு ஆசிரியராக மாறிப் பாட்டுப் பாடி, அட்டைகளைத் தூக்கிக் காட்டி, வகுப்பையே கலகலப்பாக்க முயல்கிறார்கள். பள்ளி பார்க்க விரும்புவது அதைவிடச் சிறியது. வகுப்பு ஆசிரியர் "ட", "ப" என்று நேர்கோட்டு எழுத்துகளை எழுதச் சொல்லும்போது, யார் பென்சிலை முஷ்டியால் பிடித்திருக்கிறார்கள், யார் பக்கத்துச் சிலேட்டைப் பார்க்கிறார்கள், யார் ஒன்றுமே செய்யாமல் ஜன்னலைப் பார்க்கிறார்கள் என்பதை நீங்கள் கண்டுகொள்கிறீர்களா என்பதே கேள்வி. கண்டால், குனிந்து நிற்காமல் குழந்தையின் உயரத்துக்கு அமர்ந்துவிடுங்கள். அதன் கையைப் பிடித்து நீங்களே எழுதிவிடாதீர்கள். ஒரு புள்ளி வைத்து, "இங்கிருந்து கீழே வா" என்று சொல்லிக் காத்திருங்கள். அந்தக் காத்திருப்பு மிகவும் கடினம். பார்வையாளர்கள் நிற்கும்போது வெறுமனே அமர்ந்திருப்பது வேலை செய்யாததுபோலத் தோன்றும், ஆனால் அனுபவமுள்ள ஆசிரியர்கள் அந்த அமைதியை உடனே அடையாளம் கண்டுகொள்வார்கள்.

அம்மாப்பேட்டை போன்ற நெசவுப் பகுதிகளில் வீட்டில் சௌராஷ்டிரமோ தெலுங்கோ கன்னடமோ பேசிவிட்டுப் பள்ளிக்கு வரும் குழந்தைகள் உண்டு. பேசாத குழந்தையைப் பாடம் புரியாத குழந்தை என்று முடிவு கட்டுவதற்கு முன், வீட்டில் என்ன மொழி என்று வகுப்பு ஆசிரியரிடம் கேட்டறிவேன் என்று நீங்கள் சொன்னால், அது இந்த ஊரை அறிந்தவரின் பதிலாக இருக்கும். அரசு தொடக்கப் பள்ளிகளில் 2022 முதல் நடைபெறும் எண்ணும் எழுத்தும் திட்டத்தில் குழந்தைகளை அரும்பு, மொட்டு, மலர் என்று கற்றல் நிலைக்கேற்பப் பிரித்துக் கற்பிப்பதைத் தெரிந்துகொண்டு செல்வதும் நல்லது. ஒரே வகுப்பில் மூன்று நிலைகள் இருக்கும் என்பதை ஏற்பவருக்கே உதவி ஆசிரியரின் தேவை புரியும்.

ஷேடோ டீச்சர் பணி என்றால் சிறப்புக் கவனம் தேவைப்படும் ஒரு குழந்தையோடு நாள் முழுவதும் இருக்க வேண்டும். 2016-ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் ஆட்டிசம், கற்றல் குறைபாடு உள்ளிட்ட 21 வகைகளைப் பட்டியலிடுகிறது. அவற்றை ஒப்பிக்கச் சொல்ல மாட்டார்கள். மணியோசைக்குக் காதைப் பொத்திக்கொண்டு மேசைக்கடியில் புகுந்துவிடும் குழந்தையிடம் என்ன செய்வீர்கள் என்று கேட்பார்கள். மணி அடிக்கப்போவதை முன்கூட்டியே சொல்வது, வெளியே வரும்படி இழுக்காமல் அருகில் அமர்வது, எது அமைதி தருகிறது என்று பெற்றோரிடம் கேட்டு வைப்பது ஆகியவை போதுமான பதில். கழிப்பறைக்கு அழைத்துச் செல்வது, உடை மாற்றுவது பற்றியும் கேட்கலாம். அது ஆயாம்மாவின் வேலை என்று முகம் சுளித்தால் நேர்காணல் அங்கேயே முடிந்துவிடும். அந்தப் பள்ளியில் அதற்கென்ன விதிமுறை என்று திருப்பிக் கேட்பதே பொறுப்புள்ள பதில்.

(காட்சி: ஏற்காடு மலைப்பாதை. பனிமூட்டத்தில் கொண்டை ஊசி வளைவு.)

ஏற்காட்டுப் பள்ளிகளுக்கு விண்ணப்பிப்பவர்களுக்குத் தனியாகச் சில சொற்கள். 1917-இல் தொடங்கிய மான்ட்ஃபோர்ட் பள்ளியைப் போல நூறாண்டு கடந்த விடுதிப் பள்ளிகள் உள்ள மலை அது. அத்தகைய இடங்களில் மாலைப் படிப்பு நேரமும் உங்கள் பொறுப்பில் வருமா என்று முதலிலேயே கேட்டுக்கொள்ளுங்கள். சேலத்திலிருந்து தினமும் ஏறி இறங்குவதாக இருந்தால், 20 கொண்டை ஊசி வளைவுகளைக் கடந்து எப்படி நேரத்துக்கு வருவீர்கள் என்று கட்டாயம் கேட்பார்கள். 2024 டிசம்பர் தொடக்கத்தில், ஃபெஞ்சல் புயல் மழையால் மலைப்பாதையில் மண் சரிந்ததை அவர்கள் மறந்திருக்க மாட்டார்கள். குப்பனூர் வழியாக இன்னொரு பாதை இருப்பதும், கனமழையில் மேலேயே தங்க ஓர் இடம் வைத்திருப்பதும் உங்கள் பதிலில் இருக்கட்டும். காப்பிப் பழம் பறிக்கும் நவம்பர் முதல் ஜனவரி வரையிலான மாதங்களில் தோட்ட வேலைக்குச் செல்லும் பெற்றோரின் பிள்ளைகள் சிலர் பள்ளிக்கு வராமல் போகலாம்; அவர்கள் திரும்பும்போது விட்டுப்போன பாடத்தை எப்படிச் சேர்ப்பீர்கள் என்று முன்பே சிந்தித்து வையுங்கள். மலைக்கிராமத்துக் குழந்தைகளின் தமிழுக்கென்று தனி ஓசை உண்டு. அதைத் திருத்த வேண்டிய பிழை என்று ஒருபோதும் பேசிவிடாதீர்கள்.

கடைசியாக, "நீங்கள் ஏதாவது கேட்க விரும்புகிறீர்களா?" என்பார்கள். "ஒன்றுமில்லை மேடம்" என்று எழுந்துவிட வேண்டாம். எந்த வகுப்பு, எத்தனை குழந்தைகள், எந்த ஆசிரியருடன், சம்பளம் எவ்வளவு, மே மாதச் சம்பளம் உண்டா, பி.எஃப். பிடித்தம் உண்டா என்று கேட்பதில் கூச்சம் தேவையில்லை. என் முதல் வேலையில் ஒரு நிர்வாகம் என் அசல் சான்றிதழ்களை வாங்கி வைத்துக்கொண்டது. இரண்டாண்டு கழித்து வேறிடத்தில் நல்ல வேலை கிடைத்தபோது அவற்றைத் திரும்பப் பெற ஏழு வாரங்கள் அலைந்தேன், அதற்குள் அந்த வேலை வேறொருவருக்குப் போய்விட்டது. அன்று என்னிடம், கேட்கலாம் என்று சொல்ல யாருமில்லை. ஆகவே அசல்களைச் சரிபார்க்கக் காட்டுங்கள், நகல்களில் கையெழுத்திட்டுக் கொடுங்கள், அசல்களைக் கையோடு திரும்ப வாங்கிக்கொள்ளுங்கள். அவற்றைக் கேட்டு வற்புறுத்தினால், யோசித்துச் சொல்வதாகக் கூறிவிட்டு வெளியே வாருங்கள். சேலத்தில் பள்ளிகள் நிறைய இருக்கின்றன.