வீகன் அலமாரியைத் தாண்டிப் போங்கள்

எல்லாருக்கும் வணக்கம். நேராக விஷயத்துக்கே வந்துவிடுகிறேன். வீகனாக, அதாவது இறைச்சி, பால், முட்டை என்று விலங்குகளிடமிருந்து வருகிற எதையும் சாப்பிடாதவராக மாற ஆசைப்பட்டு, ஒரு மாதம் இரண்டு மாதம் உறுதியாக இருந்துவிட்டு, அப்புறம் விட்டுவிட்டவர்களிடம் ஏன் என்று கேட்டால் பலரும் சொல்லும் பதில் "கட்டுப்படியாகவில்லை" என்பதுதான். அதைக் கேட்கும்போதெல்லாம் எனக்கு மனசு கஷ்டப்படும். விலங்குகள் மேல் இரக்கப்பட்டோ, உடம்பை நினைத்தோ, பூமியை நினைத்தோ ஒரு நல்ல முடிவை எடுத்த மனிதரைப் பணம் பின்னால் இழுத்துவிட்டதே என்று. என்னென்ன வாங்கினீர்கள் என்று கேட்டால் பட்டியல் கிட்டத்தட்ட ஒரே மாதிரி இருக்கும்: பாக்கெட் பாதாம் பால், வீகன் சீஸ், இறைச்சி மாதிரியே செய்த பர்கர், முந்திரி, சியா விதை, புரதப் பொடி. இதில் ஒன்றுகூட வீகனாக வாழ்வதற்கு அவசியம் இல்லை. இன்றைக்கு நான் சொல்ல வந்தது இதைத்தான், மீதியெல்லாம் இதன் விளக்கம்.

ஏன் எல்லாரும் அதே பட்டியலுக்குப் போய்ச் சேருகிறார்கள்? பழைய தட்டை மனதில் வைத்துக்கொண்டு, பாலுக்குப் பதில் என்ன, சீஸுக்குப் பதில் என்ன, முட்டைக்குப் பதில் என்ன என்று ஒவ்வொன்றுக்கும் ஜோடி தேடுகிறோம். அந்தக் கேள்வி நம்மை நேராகக் கடையிலேயே விலை கூடிய அலமாரி முன்னால் கொண்டுபோய் நிறுத்தும், ஏனென்றால் அங்கே இருப்பதெல்லாம் ஆலையில் பல கட்டம் தாண்டி, பாக்கெட்டில் அடைத்து, பலவற்றைக் குளிரிலேயே வைத்திருந்து விற்கிற சரக்கு. கேள்வியைக் கொஞ்சம் மாற்றிக் கேளுங்கள். அந்தப் பொருள் சாப்பாட்டில் என்ன வேலை பார்த்தது? புரதம் கொடுத்ததா, மாவைப் பிடித்து வைத்ததா, குழம்புக்குக் கெட்டித்தன்மை தந்ததா? ஒவ்வொரு வேலைக்கும் மலிவான ஆள் உண்டு, அவர் பெரும்பாலும் உலர்ந்த தானியமும் பயறும் வைத்திருக்கிற பக்கத்தில்தான் இருப்பார்.

இது என் சொந்த அபிப்பிராயம் மட்டும் இல்லை. ஆக்ஸ்ஃபோர்டு பல்கலைக்கழக ஆராய்ச்சியாளர்கள் 150 நாடுகளின் உணவு விலைகளை வைத்துக் கணக்குப் போட்டு 2021-இல் ஓர் ஆய்வு வெளியிட்டார்கள். வசதியான நாடுகளில் வீகன் உணவுமுறை வழக்கமான உணவுமுறையைவிட மூன்றில் ஒரு பங்கு வரை செலவு குறைவாக வரும் என்பது அதன் முடிவு. ஆனால் இரண்டு விஷயங்களைச் சேர்த்தே சொல்ல வேண்டும், இல்லாவிட்டால் நான் பாதி உண்மை சொன்னவனாகிவிடுவேன். ஒன்று, அந்தக் கணக்கில் இறைச்சி மாதிரிப் பொருள்களும் ஓட்டல் சாப்பாடும் சேரவில்லை, பயறு, தானியம், காய், பழம் என்று முழுப் பொருள்களை வைத்துத்தான் கணக்கு. இரண்டு, வருமானம் குறைந்த நாடுகளில், மக்கள் இப்போது சாப்பிடுகிற மிக எளிய சாப்பாட்டோடு ஒப்பிட்டால் இந்தச் சத்தான உணவுமுறைக்குச் செலவு கூடத்தான் செய்யும். அதனால் "வீகன் என்றாலே மலிவு" என்று யாராவது சொன்னால் அப்படியே நம்பாதீர்கள், "வீகன் என்றாலே பணக்காரர் விஷயம்" என்று சொன்னாலும் நம்பாதீர்கள். எதை வாங்குகிறோம் என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. வீகன் வாழ்க்கையைப் பரப்புகிற வீகன் சொசைட்டி என்கிற அமைப்பு இங்கிலாந்தில் தொடங்கியது 1944 நவம்பரில், இரண்டாம் உலகப் போர் முடியாத நேரம், சாப்பாட்டுப் பொருள்களை ரேஷனில் அளந்து கொடுத்துக்கொண்டிருந்தார்கள். அந்த நிலைமையிலும் சிலரால் தொடங்க முடிந்திருக்கிறது.

சரி, கடைக்குப் போகலாம். பாக்கெட்டின் மேல் இருக்கிற விலை உங்களுக்கு ஒன்றும் சொல்லாது. வேகவைத்துத் தட்டுக்கு வரும்போது எவ்வளவு, அதில் புரதம் எவ்வளவு, இந்த இரண்டையும் பாருங்கள். 100 கிராம் உலர்ந்த கொண்டைக்கடலையை ஊறவைத்து வேகவைத்தால் 200 கிராமுக்கு மேல் வரும். டின்னில் அடைத்து விற்கிற கடலையில், 400 கிராம் டின் என்றால், தண்ணீரை வடித்த பிறகு நிற்பது சுமார் 240 கிராம். ஆக ஒரு டின்னும் 100 கிராம் உலர்ந்த கடலையும் ஏறக்குறைய ஒன்றுதான். அடுத்த முறை கடையில் நிற்கும்போது இந்த இரண்டு விலையையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள், நான் மேற்கொண்டு சொல்ல வேண்டியதில்லை. (டின் வாங்கவே கூடாது என்று சொல்லவில்லை. வேலை முடிந்து களைத்து வருகிற நாளுக்கு இரண்டு டின் வீட்டில் இருப்பது நல்லதுதான், ஓட்டலுக்குப் போவதைவிட அது எவ்வளவோ மலிவு.)

புரதத்துக்கும் இதே மாதிரிதான். 100 கிராம் பாதாமில் சுமார் 21 கிராம் புரதம். அதே எடை மசூர் பருப்பில் 24 கிராம், நிலக்கடலையில் 25, உலர்ந்த சோயா பீன்ஸில் 36, எண்ணெய் எடுத்த சோயா மாவில் செய்கிற மீல் மேக்கரில் 50 கிராம் வரை. விலையைப் புரதத்தால் வகுத்துப் பார்த்தால் பாதாமும் முந்திரியும் பட்டியலின் அடியில் போய் நிற்கும், சோயாவும் பருப்பும் நிலக்கடலையும் மேலே வரும். புரதம் அமினோ அமிலங்கள் என்கிற சின்னச் சின்னத் துண்டுகளால் ஆனது, லைசினும் மெத்தியோனைனும் அவற்றில் இரண்டு. பயறில் லைசின் அதிகம், தானியத்தில் குறைவு, தானியத்தில் இருக்கிற மெத்தியோனைன் பயறில் குறைவு, அதனால் இரண்டையும் சாப்பிட்டால் ஒன்றின் குறையை மற்றொன்று நிரப்பும். ஒரே வேளையில்தான் சேர்த்துச் சாப்பிட வேண்டும் என்று ஒரு பழைய நம்பிக்கை உண்டு, அது தேவையில்லை, ஒரு நாளுக்குள் இரண்டும் உள்ளே போனால் போதும். புரதப் பொடி டப்பாவுக்குக் கொடுக்கிற பணத்தை நினைத்தால் எனக்கு வயிறு எரிகிறது, சாதாரணமாக நடமாடி வேலை பார்க்கிற ஒருவருக்கு அது வேண்டியதே இல்லை.

புதிதாகத் தொடங்குகிறவர்களுக்கு மசூர் பருப்பைத்தான் முதலில் சொல்வேன். ஊறவைக்க வேண்டாம், இருபது நிமிடத்தில் குழைந்துவிடும், எந்தக் காயோடும் சேரும். கொண்டைக்கடலை, ராஜ்மா, சோயா பீன்ஸ் எல்லாம் இரவே ஊறவேண்டும். ராஜ்மா விஷயத்தில் மட்டும் ஒரு எச்சரிக்கை: சரியாக வேகாத சிவப்பு ராஜ்மாவில் லெக்டின் என்கிற ஒரு நச்சுப் பொருள் இருக்கிறது, நாலைந்து பயறு போதும், வாந்தியும் பேதியும் வந்துவிடும். ஊறிய தண்ணீரைக் கொட்டிவிட்டுப் புதுத் தண்ணீரில் குறைந்தது பத்து நிமிடம் தளதளவென்று கொதிக்கவிட்டு, அப்புறம் மெத்தென்று ஆகும் வரை வேகவையுங்கள். குறைந்த சூட்டில் மணிக்கணக்காக வேகவைக்கிற மின்சாரப் பானையில் பச்சை ராஜ்மாவை அப்படியே போடாதீர்கள், அந்தச் சூடு போதாது. அப்புறம், பழக்கமில்லாத வயிறு முதல் இரண்டு வாரம் வாயுவால் தொல்லை கொடுக்கும். அது நார்ச்சத்து திடீரென்று கூடியதால் வருவது, சின்ன அளவில் தொடங்கிக் கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டினால் அடங்கிவிடும்.

இப்போது பால். கடையில் விற்கிற பல பாதாம் பால் பாக்கெட்டுகளைத் திருப்பிப் பின்பக்கம் படியுங்கள், பாதாம் 2 அல்லது 3 சதவீதம் என்று போட்டிருக்கும். ஒரு லிட்டருக்கு இருபது முப்பது கிராம் பாதாம், மீதி பெரும்பாலும் தண்ணீர். ஒரு கோப்பையில் புரதம் ஒரு கிராம் தேறினால் அதிகம். சோயா பாலில் அதே கோப்பைக்கு ஏழு கிராம் கிடைக்கும், அதை வீட்டிலேயே செய்யலாம். 100 கிராம் சோயா பீன்ஸை இரவு ஊறவைத்தால் காலையில் இரண்டு மடங்குக்கு மேல் பருத்திருக்கும், விரலால் அழுத்தினால் இரண்டாகப் பிளக்கும். ஊறிய தண்ணீரைக் கொட்டிவிட்டு, கொதிக்கிற தண்ணீர் ஊற்றி அரைக்க வேண்டும். பச்சைத் தண்ணீர் ஊற்றினால் சோயாவில் இருக்கிற ஒரு நொதி வேலை செய்து அந்தப் பச்சை வாடையைக் கிளப்பிவிடும், சூடான தண்ணீர் அந்த நொதியை அடக்கிவிடுகிறது. (மிக்ஸி ஜாடியைப் பாதிக்கு மேல் நிரப்பாதீர்கள், ஆவி மூடியைத் தள்ளும்.) ஒரு லிட்டர் தண்ணீர் கணக்கில் அரைத்துத் துணியில் பிழிந்து, அந்தப் பாலை அடிபிடிக்காமல் கிளறிக்கொண்டே பத்துப் பதினைந்து நிமிடம் கொதிக்கவிடுங்கள். முதலில் நுரை பொங்கிக்கொண்டு மேலே வரும், அதைக் கொதி என்று நினைத்து இறக்கிவிடக் கூடாது. வேகாத சோயா பால் செரிக்காது, புரதத்தைச் செரிக்கவிடாமல் தடுக்கிற பொருள் அதில் இருக்கிறது, நன்றாகக் கொதித்தால்தான் அதன் வேகம் போகும். துணியில் நிற்கிற சக்கையைத் தூக்கிப் போடாதீர்கள், மாவோடு பிசையலாம், காய்கறி சேர்த்து வடை போலத் தட்டிச் சுடலாம், ஆனால் சீக்கிரம் புளித்துவிடும், அன்றோ மறுநாளோ தீர்த்துவிடுங்கள். வீட்டுச் சோயா பாலில் ஒரு குறை உண்டு: கடைப் பாக்கெட்டுகள் பலவற்றில் சேர்க்கிற கால்சியமும் வைட்டமின் பி12-ம் இதில் இருக்காது. பாக்கெட் வாங்குகிறவர்கள் நன்றாகக் குலுக்கி ஊற்றுங்கள், அந்தக் கால்சியம் அடியில் தங்கிவிடும்.

முட்டைக்கு வாருங்கள். மாவைப் பிடித்து வைக்கத்தான் வேண்டும் என்றால் ஒரு மேசைக்கரண்டி ஆளிவிதைப் பொடியை மூன்று மேசைக்கரண்டி தண்ணீரில் கலந்து பத்து நிமிடம் வைத்தால் வழுவழுப்பாகக் கெட்டியாகிவிடும், அது ஒரு முட்டைக்குச் சமம். ஒமேகா-3 கொழுப்புக்கும் அதே ஆளிவிதை போதும், சியா விதைக்காக அலைய வேண்டாம். பொடித்துத்தான் சாப்பிட வேண்டும், முழு விதை வந்த வழியே போய்விடும், பொடித்ததைக் குளிர்பெட்டியில் வைக்காவிட்டால் சிக்கு வாடை வந்துவிடும். முட்டையின் வெள்ளைக்கரு மாதிரி நுரைக்க வேண்டும் என்றால் அதற்கு நீங்கள் தனியாக எதுவும் வாங்கவே வேண்டாம்! கொண்டைக்கடலை வெந்த தண்ணீரைச் சுண்டவைத்து, ஆறியதும் மின்சார அடிப்பானால் பத்து நிமிடம் அடியுங்கள், வெள்ளை வெளேரென்று நுரைத்து நிற்கும். 2014-இல் பிரான்சில் ஒருவர் செய்து பார்த்துச் சொன்ன பிறகுதான் உலகம் முழுக்க வீகன் சமையலறைகளில் இது பரவியது. அதுவரை எத்தனை பேர் அதைக் கழுவுதொட்டியில் ஊற்றியிருப்போம்! குழம்பைக் கெட்டியாக்கவும் க்ரீம் மாதிரி வரவும் எல்லாரும் முந்திரி அரைக்கச் சொல்வார்கள், ஊறவைத்த சூரியகாந்தி விதையை அரைத்தாலும் வரும், வெந்த பயறு ஒரு கரண்டியை மசித்துப் போட்டாலும் வரும்.

காய்கறி பற்றி அதிகம் சொல்ல ஒன்றும் இல்லை. அந்தப் பருவத்தில் குவிந்து கிடப்பதை வாங்குங்கள். உறைய வைத்த பட்டாணி, பீன்ஸ், கீரை எல்லாம் பறித்த கொஞ்ச நேரத்தில் உறைய வைத்தவை, சத்தில் மோசம் இல்லை, அழுகி வீணாவதும் இல்லை.

பணத்தை மிச்சம் பிடிக்கக் கூடாத ஒரு இடம் இருக்கிறது, தயவுசெய்து இதைக் கவனமாகக் கேளுங்கள். வைட்டமின் பி12. அதை உண்டாக்குவது பாக்டீரியா, செடிகொடிகளில் நம்பத்தகுந்த அளவில் கிடையாது. சுருள்பாசியில் இருக்கிறது என்பார்கள், அதில் இருப்பதில் பெரும்பகுதி நம் உடம்புக்குப் பயன்படாத வகை. கல்லீரல் சேமிப்பு சிலருக்கு வருஷக்கணக்கில் தாங்கும், அதனால் "எனக்கு ஒன்றும் ஆகவில்லையே" என்று தோன்றும், குறை தெரிய வரும்போது நரம்பு பாதிக்கப்பட்டிருக்கலாம். வீகன் சொசைட்டி சொல்கிற அளவு, மாத்திரை என்றால் பெரியவர்களுக்குத் தினம் குறைந்தது 10 மைக்ரோகிராம், அல்லது வாரத்துக்கு 2000 மைக்ரோகிராம். சயனோகோபாலமின் வகை போதும், அதுதான் மலிவு, சீக்கிரம் கெடவும் செய்யாது. கர்ப்பிணிகளும் குழந்தைகளும் என்றால் மருத்துவரைக் கேட்டுத்தான் அளவு. அதோடு உப்பு அயோடின் சேர்த்த உப்பாக இருக்கட்டும், விலை கூடிய இயற்கை உப்பு பலவற்றில் அயோடின் சொல்லும்படி இருக்காது. இரும்புச் சத்துக்குப் பயறோடு எலுமிச்சையோ தக்காளியோ சேருங்கள், தேநீரையும் காபியையும் சாப்பிட்ட உடனே குடிக்காமல் ஒரு மணி நேரம் தள்ளி வையுங்கள்.

நேரமும் செலவுதான், அதை நான் மறைக்கவில்லை. இரண்டு வேலை பார்க்கிறவரிடம் போய்த் தினமும் பயறு ஊறவை என்று சொல்வது நியாயமில்லை. வாரத்தில் ஒரு நாள் ஒரு கிலோ பயறை மொத்தமாகப் பிரஷர் குக்கரில் வேகவைத்து, ஆறியதும் ஒரு வேளைக்கு ஒரு பொட்டலமாகப் பிரித்து உறைய வைத்துவிட்டால் எரிபொருளும் மிச்சம், மற்ற நாள்களில் வேலை பத்து நிமிடத்தில் முடியும்.

வாங்கும்போது முதல் தடவை எதையும் மூட்டையாக வாங்காதீர்கள், மலிவாகக் கிடைக்கிறது என்றாலும் வேண்டாம். நான்கு வகையில் கால் கிலோ கால் கிலோ வாங்கி, வீட்டில் யாருக்கு எது பிடிக்கிறது, யார் வயிற்றுக்கு எது ஒத்துக்கொள்கிறது என்று ஒரு மாதம் பாருங்கள், அப்புறம் பிடித்ததை மட்டும் பெரிய அளவில் வாங்குங்கள். வாங்குகிற பயறு நிறம் மங்கி, தோல் சுருங்கி, பொடி உதிர்ந்து இருந்தால் பழைய சரக்கு, எவ்வளவு நேரம் அடுப்பில் வைத்தாலும் வேகாது. வீட்டில் ஏற்கெனவே அப்படிக் கிடந்தால் ஊறும் தண்ணீரில் ஒரு சிட்டிகை சமையல் சோடா போட்டுப் பாருங்கள், ஓரளவு மெத்தென்று வரும். சரி, நான் நிறையப் பேசிவிட்டேன், உங்கள் வீட்டுக் கணக்கு எப்படி இருக்கிறது என்று இனி நீங்கள் சொல்லுங்கள், கேள்விகளுக்குப் போகலாம்.