அம்மிச்சி கேட்ட பேப்பர்

நடுவர் அவர்களே, பாலக்காட்டுக் கொழிஞ்சாம்பாறை மக்களே, வணக்கம். பொன்னாடையை அப்புறம் பார்த்துக்கொள்வோம். மணியடிப்பவர் கை இப்போதே மணிமேல் இருக்கிறது.

'கல்வியில் கம்பெனிகளின் பிடியைத் தளர்த்துவது சட்டமா, பெரியவர்களின் படிப்பா?' இதுதான் தலைப்பு. சட்டத்துக்காகப் பேசிய நண்பர், "அறுபது வயசுல அ, ஆ படிச்ச பாட்டியைப் பார்த்துக் கம்பெனி ஓடிப்போகுமாம்!" என்றார். நீங்களும் கைதட்டினீர்கள். இருக்கட்டும்.

செயலியில் பாடம் விற்கிற பையன் ஒருவன் டை கட்டிக்கொண்டு எங்கள் வீட்டுக்கு வந்தான். "பேரனை டாக்டராக்கிடலாம் பாட்டி. இங்க ஒரு கையெழுத்து."

அம்மிச்சி, அதாவது என் அம்மாவின் அம்மா, கண்ணாடியைத் தேடினார். மாட்டுத் தொழுவத்தில் கிடைத்தது. துடைத்தார். மாட்டினார். பேப்பர் முழுக்க இங்கிலீஷ்.

"தம்பி, இதைத் தமிழ்ல கொண்டா."

"தமிழ்ல இல்லைங்க பாட்டி."

"சரி, மலையாளத்துல கொண்டா. அதுவும் படிப்பேன்."

பையனுக்கு வேர்த்துவிட்டது. மோர் கொடுத்தார். குடித்தான்.

"அப்ப நீயே வாசிச்சு அர்த்தம் சொல்லு."

வாசித்தான். மூன்றாம் பக்கத்தில் 'தவணை' வந்தது.

"தவணை படிப்புக்கா, கடனுக்கா?"

"கடனுக்குங்க."

"பையன் படிக்க மாட்டேன்னா?"

"அப்பவும் கட்டணுங்க."

இன்னொரு டம்ளர் மோர். டையைத் தளர்த்திக்கொண்டு கிளம்பிவிட்டான். உள்ளே என் மாமா தலையில் கைவைத்து உட்கார்ந்திருந்தார். அவர் வக்கீல். சட்டம் படித்தவர், நடுவரே! போன வாரமே அதே பேப்பரில் கையெழுத்துப் போட்டிருந்தார்!

அறுபது வயதாம்! ஆலப்புழை மாவட்டத்துக் கார்த்தியாயினி அம்மா 2018-ல், 96 வயதில், எழுத்தறிவுத் தேர்வு எழுதி 100-க்கு 98 வாங்கினார். நண்பரின் மதிப்பெண்ணை நான் கேட்கவில்லை.

கம்பெனி ஓடுமா என்றீர்களே, இதோ பக்கத்தில்தானே பிளாச்சிமடை? அந்த ஊர்ப் பழங்குடிப் பெண் மயிலம்மா பள்ளிக்கூடம் போனவரில்லை. குளிர்பான ஆலை வந்த பிறகு கிணற்றுத் தண்ணீர் ஏன் கெட்டது என்று கேட்டார். 2002-ல் போராட்டப் பந்தல் போட்டார்கள். 2004-ல் அந்த ஆலை நின்றது. பாட்டி கேள்வி கேட்ட பிறகுதான் சட்டம் செருப்பைத் தேடியது.

அம்மிச்சி ஏன் ராத்திரி வகுப்புக்குப் போனார் தெரியுமா? என் அம்மாவைக் காலேஜில் சேர்க்கக் கடன் வாங்கினார். அடமானம் என்று சொல்லிக் கைநாட்டு வாங்கினார்கள். அது கிரையப் பத்திரம். கடலைக்காடு போனது.

எழுத்துக்கூட்டப் பழகியதும் டிரங்குப் பெட்டியிலிருந்து அந்த நகலை எடுத்தார். ஒரு ராத்திரி முழுக்க, விரல் வைத்து வைத்துப் படித்தார். கடைசிப் பக்கத்தில் தன் கட்டைவிரல் ரேகை வந்ததும் நிறுத்திவிட்டு, முந்தானையால் அதைத் துடைத்துப் பார்த்தார்.