மாமியாரை வாசலில் நிறுத்திய பூட்டு

நடுவர் ஐயா அவர்களே, இரண்டு அணி நண்பர்களே, சாப்பாட்டு டோக்கனைக் கையில் பிடித்தபடியே உட்கார்ந்திருக்கும் நியூ ஜெர்சித் தமிழ் மக்களே, எல்லோருக்கும் பொங்கல் வணக்கம். கொடுத்திருப்பது பத்து நிமிடம். வணக்கம் இதோடு போதும்.

அமெரிக்காவில் துப்பாக்கிச் சாவுகளைக் குறைக்கப் போவது ஸ்மார்ட் துப்பாக்கியா, சட்டக் கட்டுப்பாடா என்பது தலைப்பு. நான் சட்டத்தின் பக்கம். சீட்டுக் குலுக்கியதில் அப்படி விழுந்தது. விழுந்த பிறகு யோசித்துப் பார்த்தேன், சரியாகத்தான் விழுந்திருக்கிறது.

தலைப்புக்குப் போவதற்கு முன்னால் ஒரு பஞ்சாயத்து பாக்கி இருக்கிறது. சற்று முன் எதிரணித் தம்பி பேசினார். ஸ்மார்ட் துப்பாக்கி என்றால் உரிமையாளரின் விரல் பட்டால்தான் சுடும், அவர் முகத்தைப் பார்த்தால்தான் சுடும், குழந்தை கையில் எடுத்தால் அது வெறும் இரும்புத் துண்டு என்று அழகாகச் சொன்னார். அதோடு உட்கார்ந்திருக்கலாம். "அடுத்துப் பேச வரும் அக்கா கைரேகைப் பூட்டைக் குறை சொல்லத்தான் வருகிறார். அவர் வீட்டுப் பூட்டு அவருடைய மாமியாரைப் பனியில் நிறுத்தியது ஊருக்கே தெரியும். மாமியாரை உள்ளே விடாத பூட்டை விடப் புத்திசாலிப் பூட்டு உலகத்தில் உண்டா?" என்று ஒரு போடு போட்டார். நீங்களும் கைதட்டினீர்கள். யார் யார் தட்டினார்கள் என்று பார்த்து வைத்திருக்கிறேன். அதில் என் வீட்டுக்காரரும் உண்டு.

தம்பி, என் மாமியார் மூன்றாவது வரிசையில் இருக்கிறார். மாம்பழக் கலர் பட்டுப்புடவை. நீங்கள் சொன்னதும் அவரும்தான் சிரித்தார். ஆனால் உங்களுக்குக் கதை பாதிதான் தெரியும். முழுவதையும் நான் சொல்கிறேன்.

என் வீட்டுக்காரருக்கு ஒரு வியாதி. தள்ளுபடி என்று எழுதியிருந்தால் வாங்கிவிடுவார். இரண்டு வருடத்துக்கு முன் தேங்க்ஸ்கிவிங் சமயத்தில் கைரேகைப் பூட்டு ஒன்று வந்து இறங்கியது. என் விரல், பதிவாகிவிட்டது. அவர் விரல், பதிவாகிவிட்டது. மகளுக்கு அப்போது ஆறு வயது. கதவைத் திறந்துகொண்டு தெருவுக்கு ஓடிவிடுவாள், அவளுக்கு வேண்டாம் என்று முடிவெடுத்தோம். அப்புறம் அத்தைக்கு ஆரம்பித்தோம்.

வலது கட்டைவிரல், விழவில்லை. ஆள்காட்டி விரல், விழவில்லை. நாற்பது வருடம் சாம்பலும் தேங்காய் நாரும் போட்டுப் பித்தளைப் பாத்திரம் தேய்த்த கை. ரேகையெல்லாம் அண்டா குண்டாவோடு போய்விட்டது. கும்பகோணத்தில் இருந்தபோது ரேஷன் கடை மிஷினிலும் இதே கதைதான். "ரேகை விழல பாட்டி, துணியில நல்லாத் துடைச்சுட்டு வைங்க" என்பார்கள். எங்கள் வீட்டில் ஒன்றரை மணி நேரம் போராடி, கடைசியில் இடது கை சுண்டுவிரல் மட்டும் பதிவானது. அந்தக் குடும்பத்தில் வேலைக்குப் போகாமல் தப்பித்தது அது ஒன்றுதான்.

மார்கழி வந்தது. அத்தைக்கு மார்கழி என்றால் மார்கழிதான். கும்பகோணமாக இருந்தாலும் சரி, நம் நியூ ஜெர்சி எடிசன் ஊராக இருந்தாலும் சரி. விடியற்காலை ஐந்தரை மணிக்குப் பருத்திப் புடவை மேல் மகனுடைய ஜாக்கெட், தலையில் குரங்குக் குல்லாய். வாசல் பனியை விளக்குமாற்றால் தள்ளிவிட்டுக் கோலம் போடக் கிளம்பினார். பின்னாலேயே என் மகள், கையில் மஞ்சள் காகிதத்தில் வெட்டிய பூசணிப்பூவோடு. இந்தப் பனியில் நிஜப் பூசணிப்பூவுக்கு எங்கே போவது?

கோலம் முடிந்தது. பூ வைத்தாயிற்று. இதற்குள் கதவு தானாகச் சாத்திக்கொண்டு டொக் என்று பூட்டிக்கொண்டது. உள்ளே வீட்டுக்காரர் தூக்கம். நான் மாடியில் ஹெட்போன் மாட்டிக்கொண்டு சென்னை ஆட்களோடு மீட்டிங்.

அத்தை சுண்டுவிரலை வைத்தார். விரல் முழுக்க ஈரக் கோலமாவு. பூட்டுக்குள்ளிருந்து ஒரு பெண் குரல் இங்கிலீஷில் ஏதோ சொல்லி மறுத்தது. அத்தை மரியாதையாக, "நான்தாம்மா, திற" என்றார். மறுபடி வைத்தார். மறுபடி மறுத்தது. "நான்தாண்டி!" மூன்றாவது தடவை. மறுத்தது. நான்காவது தடவை அத்தைக்குக் கோபம் வந்துவிட்டது. "யாருடி நீ? என் பிள்ளை வீட்டுக்குள்ள இருந்துகிட்டு என்னையே வேணாங்கிற?"

ஐந்தாவது தடவைக்கு விரலைத் தூக்கும்போது என் மகள், "பாட்டி, நகரு" என்றாள். பூட்டின் மேல் டிக், டிக், டிக், டிக். நாலு எண். கதவு திறந்துகொண்டது. அந்தப் பெண் குரல் 'வெல்கம் ஹோம்' என்று வரவேற்பு வேறு கொடுத்தது.

"உனக்கு யாருடி நம்பர் சொல்லிக் குடுத்தா?"

"யாரும் சொல்லல பாட்டி. என் பர்த்டே. அப்பாவுக்கு வேற நம்பரே ஞாபகம் இருக்காது."

அன்று சாயங்காலம் வாட்ஸப்பில் ஊருக்குச் செய்தி போனது. கும்பகோணத்துக்குச் சொல்லும்போது பனி கணுக்கால் வரை. மன்னார்குடி நாத்தனாரிடம் சொல்லும்போது முழங்கால். என் அம்மாவிடம் சொல்லும்போது இடுப்பு வரை வந்துவிட்டது. அது மட்டுமா, நான் மாடி ஜன்னலில் காபித் தம்ளரோடு நின்று வேடிக்கை பார்த்ததாகவும் ஒரு காட்சி சேர்ந்திருந்தது. அத்தை, உண்மையில் அது இரண்டு அங்குலப் பனி. சபையில் சொல்லிவிட்டேன்.

சரி. தம்பி, இப்போது சொல்லுங்கள், அது புத்திசாலிப் பூட்டா? உள்ளே வர வேண்டியவரை நிறுத்தி வைத்தது. யாருக்கு வேண்டாம் என்று நாங்கள் உட்கார்ந்து முடிவெடுத்தோமோ, அந்தக் குழந்தைக்குத் திறந்துவிட்டது. போனால் போகிறது, அது கதவு. அதை ஆறு வயசுக் குழந்தை திறந்தால் பாட்டிக்குக் காபி கிடைக்கும். வர்ஜீனியாவில் நியூபோர்ட் நியூஸ் என்ற ஊரில், 2023 ஜனவரியில், வகுப்பறையில் தன் ஆசிரியையைச் சுட்ட பையனுக்கும் ஆறு வயதுதான். ஆசிரியை பிழைத்துக்கொண்டார். அது அவன் அம்மாவின் துப்பாக்கி. அலமாரியின் மேல்தட்டில் பூட்டுப் போட்டுத்தான் வைத்திருந்தார் என்று அவருடைய வழக்கறிஞர் சொன்னார்.

தம்பி தலையாட்டுகிறார். 'அதற்குத்தானே அக்கா ஸ்மார்ட் துப்பாக்கி' என்கிறார். அங்கேயே வருகிறேன். ஆர்மாடிக்ஸ் என்ற ஜெர்மன் கம்பெனி ஐபி1 என்று ஒரு கைத்துப்பாக்கி செய்தது. கூடவே ஒரு கைக்கடிகாரம். கடிகாரத்தில் ரகசிய எண்ணை அழுத்த வேண்டும், அது துப்பாக்கிக்குப் பக்கத்திலேயே இருக்க வேண்டும், அப்போதுதான் சுடும். விலை, கடிகாரத்தோடு சேர்த்து சுமார் 1,800 டாலர். 2017இல் லாஸ் வேகஸில் நடந்த ஹேக்கர்கள் மாநாட்டில் ஒருவர் அதைப் பக்கத்தில் காந்தம் வைத்தே சுட்டுக் காட்டினார். கடிகாரமே இல்லை. காந்தத்தின் விலை 15 டாலர். திருப்பதி, பழனி, நயாகரா என்று என் ஃப்ரிட்ஜ் கதவில் அதை விட அதிகக் காசுக்குக் காந்தம் ஒட்டியிருக்கிறது.

இது புது ஆசையும் இல்லை. ஸ்மித் அண்ட் வெஸ்ஸன் கம்பெனி 1880களிலேயே, பிடியைச் சேர்த்து அழுத்தினால்தான் சுடும் என்று ஒரு ரிவால்வர் கொண்டுவந்து, எட்டு வயதுக்குக் கீழ்ப்பட்ட பிள்ளையால் சுட முடியாது என்று விளம்பரம் செய்தது. நூற்று நாற்பது வருடமாக இதே வாக்குறுதி.

எதிரணித் தலைவர் ஒரு நல்ல அடி அடித்தார், ஒத்துக்கொள்கிறேன். "ஸ்மார்ட் துப்பாக்கியைக் கொன்றதே உங்கள் நியூ ஜெர்சிச் சட்டம்தான்" என்றார். உண்மைதான். 2002இல் இங்கே ஒரு சட்டம் போட்டார்கள். நாட்டில் எங்காவது ஒரு ஸ்மார்ட் துப்பாக்கி விற்பனைக்கு வந்துவிட்டால், மூன்று வருடத்தில் நியூ ஜெர்சிக் கடைகளில் அந்த வகைக் கைத்துப்பாக்கி மட்டும்தான் விற்க வேண்டும் என்பது சட்டம். விளைவு? விற்றால் சட்டம் அமலுக்கு வந்துவிடுமே என்று துப்பாக்கிப் பிரியர்கள் யாரையும் விற்க விடவில்லை. 2014இல் மேரிலாந்தில் ஒரு கடைக்காரர் ஐபி1ஐ விற்கிறேன் என்றார். கொலை மிரட்டல் வந்தது. பின்வாங்கிவிட்டார். துப்பாக்கி விற்பவரையே துப்பாக்கிப் பிரியர்கள் மிரட்டிய கூத்து இந்த நாட்டில்தான் நடக்கும்.

ஐயா, நான் இருபது வருடமாக சாஃப்ட்வேர் டெஸ்டர். என் பாஷையில் சொல்கிறேன், அந்தச் சட்டத்தில் ஒரு பக், அதாவது பிழை, இருந்தது. 2019இல் திருத்திவிட்டார்கள். இப்போது, அங்கீகாரம் கிடைத்த ஸ்மார்ட் துப்பாக்கி வந்தால், கடைக்காரர் ஒன்றாவது வைத்திருந்தால் போதும். தப்பான சட்டத்தை உட்கார்ந்து திருத்தலாம். இந்த நாட்டு மக்கள் வீடுகளில் ஏற்கெனவே கிடப்பது ஏறக்குறைய 40 கோடி துப்பாக்கி, ஜனத்தொகையை விட அதிகம். அத்தனைக்கும் ராத்திரி இரண்டு மணிக்கு அப்டேட் அனுப்புவீர்களா தம்பி?

கொலராடோவின் பயோஃபயர் கம்பெனி செய்த ஸ்மார்ட் துப்பாக்கியைப் பற்றிச் சொன்னீர்கள். விரல் இல்லாவிட்டால் முகம், இரண்டில் ஒன்று போதும், 1,499 டாலர் என்று அறிவித்தார்கள். நல்ல சரக்காகவே இருக்கட்டும். கை யாருடையது என்று அது கண்டுபிடித்துவிடும். அந்தக் கைக்காரர் அன்றைக்கு ராத்திரி என்ன மனநிலையில் இருக்கிறார் என்று அதற்கு எப்படித் தெரியும்? 2021இல் இந்த நாட்டில் துப்பாக்கியால் செத்தவர்கள் 48,000க்கும் மேல். அதில் பாதிக்கும் அதிகமானவை தற்கொலை. சொந்தத் துப்பாக்கியை எடுத்த சொந்தக்காரரைப் பார்த்து அது 'வெல்கம் ஹோம்' என்றுதான் சொல்லும்.

2012 டிசம்பர் 14. கனெடிகட்டில் சாண்டி ஹூக் பள்ளி. 20 குழந்தைகள், ஆறு பெரியவர்கள். சுட்டவனுக்கு இருபது வயது. துப்பாக்கிகளை வாங்கியவர் அவன் அம்மா, முறையாக, சட்டப்படி. மகனைச் சுடும் பயிற்சிக்கு அழைத்துப் போனவரும் அவர்தான். முதலில் செத்ததும் அவர்தான். அது ஸ்மார்ட் துப்பாக்கியாக இருந்திருந்தால், அந்த வீட்டில் மகன் விரலும் பதிவாகியிருக்காது என்று யாராவது சொல்ல முடியுமா? என் வீட்டுக்காரர் மகளின் பிறந்தநாளைப் பூட்டுக்கு வைத்தார். அவரும் அசட்டையாக வைக்கவில்லை, பாசத்தில்தான் வைத்தார்.

சட்டம் என்ன கிழித்தது என்று கேட்டார்கள். நம் நியூ ஜெர்சியில் கைத்துப்பாக்கி வாங்க வேண்டுமானால் போலீசிடம் போய், ஒவ்வொன்றுக்கும் அனுமதி வாங்க வேண்டும். மிசிசிப்பி மாநிலத்தில் அப்படி இல்லை. 2021 கணக்கில் லட்சம் பேருக்கு அங்கே ஏறக்குறைய 34 துப்பாக்கிச் சாவு. இங்கே 5. சட்டம் மட்டும்தான் காரணம் என்று நான் சொல்லவில்லை, டெஸ்டர் அப்படிச் சொல்லக் கூடாது. ஆனால் இந்த வித்தியாசத்தைச் செய்தது எந்தக் கடிகாரமும் இல்லை.

நடுவர் ஐயா மணியில் கை வைத்துவிட்டார். இன்னும் இரண்டு நிமிடம். தலைப்பைக் கொஞ்சம் விட்டுவிடுகிறேன்.

எங்கள் வீட்டில் குழந்தை தும்மினால் அத்தை 'நூறு' என்பார். உங்கள் வீட்டிலும் உண்டு. இரண்டாவது தும்மலுக்கு 'இருநூறு'. போன வருடம் ஒரு நாள், ஹோம்வொர்க் எழுதிக்கொண்டிருந்த என் மகள் மூக்கை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள். முகம் சிவந்து, கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது.

"எதுக்குடி அடக்குற? விடு" என்றார் அத்தை.

"இல்ல பாட்டி. இன்னிக்கு ஸ்கூல்ல லாக்டவுன் டிரில். லைட்டை அணைச்சுட்டு எல்லாரும் மூலையில உக்காரணும். சத்தமே வரக்கூடாது. எனக்குத் தும்மல் வந்துடுச்சு. எல்லாரும் என்னையே பாத்தாங்க. அதான் பழகறேன்."

துப்பாக்கியோடு யாராவது நுழைந்தால் ஒளிந்துகொள்வது போன்ற பாதுகாப்பு ஒத்திகையை மாதம் ஒரு தடவை பள்ளியில் நடத்த வேண்டும் என்பதும் நியூ ஜெர்சிச் சட்டம்தான். சட்டத்தின் பக்கம் பேச வந்தவள் சொல்கிறேன், அந்த ஒரு சட்டத்தை என்னால் நேசிக்க முடியவில்லை.

அத்தை என்னைப் பார்த்து, "என்னம்மா சொல்றா இவ? எதுக்கு இருட்டுல உக்காரணும்?" என்றார். அவர் இங்கே வந்த நாளிலிருந்து டாக்டர் சொல்வது, பஸ் டிரைவர் சொல்வது, பூட்டு சொல்வது வரை எல்லாவற்றையும் நான்தான் தமிழில் சொல்லிக்கொண்டிருக்கிறேன். அன்றைக்கு மட்டும், "ஏதோ விளையாட்டு அத்தை" என்றேன். அவர் ஒன்றும் கேட்கவில்லை. குழந்தையின் மூக்கிலிருந்து அந்தக் கையை மெதுவாக எடுத்துவிட்டார்.

அன்று ராத்திரி இரண்டு மணி இருக்கும். மகள் தூக்கத்தில் தும்மினாள். சுவருக்கு அந்தப் பக்கத்திலிருந்து "நூறு" என்று குரல் வந்தது. இன்னொரு தும்மல். "இருநூறு." நான் எழுந்து போய்ப் பார்த்தேன். அத்தை விளக்குப் போடாமல் கட்டிலில் உட்கார்ந்திருந்தார். படுக்கவே இல்லை.

மணி அடித்துவிட்டது ஐயா. வணக்கம்.