அந்த ஷோகேஸைத் துடைப்பது யார்?

நடுவர் அவர்களே, எதிரணி நண்பர்களே, அவையில் அமர்ந்திருக்கும் பெரியோர்களே, வணக்கம்.

'வீட்டுக்கு அழகு சேர்ப்பது நிறைந்த அலங்காரமா, குறைந்த பொருள்களா?' இதுதான் தலைப்பு. குறைந்த பொருள்களே என்று வாதாட வந்திருக்கிறேன். எனக்கு முன்னால் பேசிய எதிரணித் தலைவர் மூன்று குற்றச்சாட்டுகளை அடுக்கிவிட்டு அமர்ந்தார். பொருள் குறைந்தால் வீடு ஆஸ்பத்திரி மாதிரி ஆகிவிடும் என்றார். நினைவுகளைக் குப்பையில் போடச் சொல்கிறீர்கள் என்றார். இது வசதி படைத்தவர்களின் புது மோகம் என்றார். மூன்றுக்கும் பதில் சொல்லாமல் உட்கார மாட்டேன். ஆனால் அவர் ஆசை ஆசையாக ஒரு வரவேற்பறையை வர்ணித்தாரே, முதலில் அதற்குள் கொஞ்சம் போய்ப் பார்த்துவிடுவோம்.

சுவரை அடைத்துக் கண்ணாடி ஷோகேஸ். தட்டுத் தட்டாகப் பொம்மைகள், பரிசுக் கோப்பைகள், பளிங்குக் கிண்ணங்கள். டீப்பாய் மேல் ஒரு விரிப்பு, விரிப்பின் மேல் ஒரு தட்டு, தட்டின் மேல் மெழுகுவர்த்திகள். சோபா நிறையக் குஷன்கள். மூலைக்கு மூலை செயற்கைப் பூச்செடி. அவர் சொல்லச் சொல்ல அவையும் கைதட்டியது. நடுவர் அவர்களே, அந்த வர்ணனையில் எல்லாப் பொருளும் இருந்தது. ஒரே ஓர் ஆளைத்தான் காணோம். அந்த ஷோகேஸைத் துடைக்கிற ஆள்.

கண்ணாடிக் கதவு போட்டிருக்கிறோமே, தூசி எப்படிப் போகும் என்பார்கள். கதவு இடுக்கு வழியாகவே போகும். ஒரு பொம்மையைத் தூக்கிப் பாருங்கள். அது நின்ற இடம் மட்டும் வட்டமாகப் பளிச்சென்று இருக்கும், சுற்றிலும் சாம்பல் பூத்திருக்கும். துடைப்பது என்றால் சும்மா ஒரு துணியை ஓட்டிவிட்டு வருவதில்லை. எல்லாவற்றையும் ஒவ்வொன்றாக இறக்கி, உடையாமல் தரையில் பரப்பி, தட்டைத் துடைத்து, பிறகு பொம்மைக்கு வர வேண்டும். கழுத்து மடிப்பிலும் விரல் இடுக்கிலும் துணி நுழையாது; பழைய டூத் பிரஷை எடுத்து உட்கார வேண்டும். அப்புறம் எது எந்தத் தட்டில் இருந்தது என்று யோசித்து யோசித்து ஏற்ற வேண்டும். அரை நாள் போய்விடும். அடுத்த மாதம் மறுபடியும் முதலிலிருந்து. இதைச் செய்பவர் யார் என்று இந்த அவையில் இருக்கும் பெண்களைக் கேளுங்கள். வாங்கி வந்து வைத்தவர் ஒருவர், வந்து பார்த்துப் பாராட்டுபவர் இன்னொருவர், பழைய பிரஷோடு தரையில் உட்கார்ந்திருப்பவர் பெரும்பாலும் வேறொருவர்.

என் வாதத்தின் வேர் இதுதான். வீட்டுக்குள் வரும் ஒவ்வொரு பொருளும் வேலையையும் கூட்டிக்கொண்டு வருகிறது. துடைக்க, நகர்த்த, தேட, பழுது பார்க்க, பத்திரப்படுத்த. கடையில் கொடுக்கிற விலை ஒருமுறைதான். இந்த வேலை என்கிற விலையை வீட்டில் யாரோ ஒருவர் நாள்தோறும் கட்டிக்கொண்டே இருக்கிறார்.

மனதில் பட்டதை மட்டும் வைத்துப் பேசவில்லை. அமெரிக்காவின் லாஸ் ஏஞ்சலிஸ் நகரத்தில், அங்குள்ள கலிபோர்னியா பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2001 முதல் 2005 வரை 32 குடும்பங்களின் வீடுகளுக்குள் போய்ப் பார்த்தார்கள். கணவன், மனைவி இருவரும் வேலைக்குப் போகிற, குழந்தைகள் உள்ள, நடுத்தரக் குடும்பங்கள். அந்தக் குழுவில் தொல்லியலாளரும் இருந்தார். புதைந்த நகரத்தில் கிடைத்ததைப் பதிவு செய்கிற முறையில், வாழ்கிற வீட்டில் இருந்த பொருள்களைப் படம் எடுத்துக் கணக்கெடுத்தார்கள். நான்கில் மூன்று கார் கொட்டகைகளில் கார் நிற்கவில்லை; சாமான்கள்தான் நின்றன. அந்த ஆய்வின் தொடர்ச்சியாக 2010-ல் வந்த ஒரு கட்டுரை இன்னும் முக்கியம். தம்பதியரிடம் தங்கள் வீட்டைத் தாங்களே சுற்றிக் காட்டிப் பேசச் சொன்னார்கள். அவர்களின் உமிழ்நீரை எடுத்து, மன அழுத்தத்தோடு தொடர்புள்ள கார்ட்டிசால் என்ற ஹார்மோன் நாள் முழுக்க எப்படி ஏறி இறங்குகிறது என்று பார்த்தார்கள். காலையில் உயர்ந்திருந்து மாலைக்குள் நன்றாக இறங்குவதுதான் அதன் இயல்பு. தன் வீட்டைச் சுற்றிக் காட்டும்போது 'அடைசல்', 'முடியாத வேலை' என்கிற தொனியில் பேசிய பெண்களிடம் அது சரியாக இறங்கவில்லை. பொழுது சாயச் சாய மனமும் சோர்ந்தது. ஆண்களிடம் இந்தத் தொடர்பு அப்படித் தெரியவில்லை. அடைசல்தான் அழுத்தத்தைத் தந்தது என்று அந்த ஆய்வு அடித்துச் சொல்லவில்லை, நானும் சொல்லமாட்டேன். ஆனால் ஒரே கூரைக்குக் கீழ், ஒரே குவியலைப் பார்க்கிற இரண்டு பேரில், அது யார் உடம்போடு ஒட்டிக்கொண்டு நின்றது என்பதை எதிரணி கொஞ்சம் யோசிக்க வேண்டும்.

இனி ஆஸ்பத்திரிக்கு வருகிறேன். எதிரணித் தலைவர் ஒரு வரலாற்று உதாரணமும் கொடுத்தார். அமெரிக்காவின் இல்லினாய் மாநிலத்தில், கட்டடக் கலைஞர் மீஸ் வான் டெர் ரோ, எடித் ஃபார்ன்ஸ்வர்த் என்ற மருத்துவருக்காகக் கட்டி 1951-ல் முடித்த கண்ணாடி வீடு. நாலு பக்கமும் கண்ணாடி, நடுவில் ஒன்றிரண்டு பொருள்கள். உலகமே கொண்டாடிய அந்த வீட்டில் குடியிருந்த அந்த அம்மா, ஒரு துணி மாட்டும் ஹேங்கரைக்கூட வெளியிலிருந்து பார்த்தால் எப்படித் தெரியும் என்று யோசிக்காமல் தன்னால் வைக்க முடியவில்லை என்று வெளிப்படையாகக் குறைப்பட்டுக்கொண்டார். கட்டியவருக்கும் அவருக்கும் பணத் தகராறில் வழக்கும் நடந்தது. உண்மை. முழுக்க ஒப்புக்கொள்கிறேன்.

ஆனால் நடுவர் அவர்களே, அந்த வீட்டின் குற்றம் என்ன? பொருள் குறைவாக இருந்ததா? வீடு குடியிருப்பவருக்காக இல்லாமல் பார்ப்பவருக்காகக் கட்டப்பட்டிருந்தது. அந்தக் குற்றத்தைத்தான் ஷோகேஸும் செய்கிறது! உள்ளே இருப்பவர் கையை நீட்டிச் சௌகரியமாக எடுப்பதற்கு அதில் ஒன்றும் இல்லை. வெளியிலிருந்து வருகிறவர் பார்த்து வியக்கத்தான் அத்தனையும். கண்ணாடி வீட்டை நான் ஆதரிக்கவில்லை. அந்த அம்மாவை ஆதரிக்கிறேன். ஹேங்கரை எங்கே வேண்டுமானாலும் மாட்ட அவருக்கு உரிமை வேண்டும். நாங்கள் கேட்கிற எளிய வீட்டில் படிக்கிறவருக்கு நல்ல நாற்காலி இருக்கும், அதன் பக்கத்தில் விளக்கு இருக்கும், பிடித்த நிறத்தில் திரைச்சீலை இருக்கும். வெள்ளைச் சுவர்தான் வேண்டும் என்று எங்கள் அணியில் யாரும் சட்டம் போடவில்லை.

வசதி படைத்தவர்களின் மோகமா? இங்கே கொஞ்சம் நேரம் எடுத்துக்கொள்கிறேன், மணியடித்துவிடாதீர்கள். 1926-ல் ஜெர்மனியின் ஃபிராங்க்ஃபர்ட் நகரம், சாதாரணக் குடும்பங்களுக்காக வரிசை வரிசையாகக் குடியிருப்புகளைக் கட்டிக்கொண்டிருந்தது. அவற்றுக்குச் சமையலறையை வடிவமைத்தவர் மார்கரெட்டே ஷூட்டே-லிஹோட்ஸ்கி என்ற பெண் கட்டடக் கலைஞர். அவருக்குக் கிடைத்த இடம் ஏறத்தாழ 1.9 மீட்டர் அகலம், 3.4 மீட்டர் நீளம். ரயிலின் உணவுப் பெட்டியில் அவ்வளவு சின்ன இடத்தில் எப்படிச் சமைக்கிறார்கள் என்று கவனித்தார். சமைக்கும்போது எத்தனை அடி நடக்கிறோம், எதற்கு எவ்வளவு நேரம் ஆகிறது என்று பார்த்தார். நின்ற இடத்திலிருந்து கைக்கு எட்டும் தூரத்தில் எல்லாம் வந்தது. மேடைக்குக் கீழே, உள்ளே இருப்பதன் பெயர் பொறித்த அலுமினிய இழுப்பறைகள். உட்கார்ந்து வேலை செய்ய ஒரு ஸ்டூல். அலங்காரத்துக்கென்று ஒன்றும் இல்லை. சுமார் 10,000 வீடுகளுக்குள் அந்தச் சமையலறை போனது. பணக்காரரின் பொழுதுபோக்குக்காகப் பிறந்த வடிவமா அது? வேலைக்குப் போய்விட்டு வந்து வீட்டிலும் வேலை செய்கிற பெண்ணின் கால் வலியை எண்ணிப் பிறந்தது.

காசைக் கரைக்கிற வேலை எதிரணிப் பக்கம்தான் இருக்கிறது. பிரெஞ்சுச் சிந்தனையாளர் திதரோ 1769-ல் இதைத் தன் அனுபவமாகவே எழுதியிருக்கிறார். அவருக்குப் புதிதாகச் சிவப்பு அங்கி ஒன்று வந்து சேர்ந்தது. அதன் பளபளப்புக்கு முன்னால் பழைய வைக்கோல் நாற்காலி பொருந்தவில்லை. தோல் நாற்காலி வந்தது. பழைய மேஜை பொருந்தவில்லை. விலை உயர்ந்த மேஜை வந்தது. பழைய அங்கிக்குத் தான் எஜமானாக இருந்ததாகவும், புதியதற்கு அடிமையாகிவிட்டதாகவும் வருந்தினார். புது சோபா வாங்கியவர்கள் அடுத்து எதை மாற்றினோம் என்று எண்ணிப் பாருங்கள். இடத்தைக் கொடுத்தால் மடத்தைப் பிடுங்குவதில் பொருளுக்கு நிகர் எதுவும் கிடையாது. ஒன்றை ஒப்புக்கொள்கிறேன். எளிமை என்ற பெயரில் இருப்பதையெல்லாம் எறிந்துவிட்டு, ஒரே மாதிரி டப்பாக்களும் வெளிர் நிற நாற்காலிகளும் புதிதாக வாங்குகிறவர்களும் உண்டு. அதுவும் அதே சிவப்பு அங்கிதான். எங்கள் அணி அதற்கு வக்காலத்து வாங்காது. எளிமைக்கு மாறுகிற அன்று கடைக்குப் போகவே தேவையில்லை.

கலைந்து கிடக்கும் அறையில்தான் கற்பனை ஊறும் என்று எதிரணியின் இரண்டாவது பேச்சாளர் 2013-ல் வந்த ஓர் ஆய்வைக் காட்டினார். அதே ஆய்வில், ஒழுங்கான அறையில் இருந்தவர்கள் நற்காரியத்துக்கு அதிகம் நன்கொடை கொடுத்தார்கள், சத்தான தின்பண்டத்தைத் தேர்ந்தெடுத்தார்கள் என்பதையும் சேர்த்துச் சொல்லியிருக்கலாம். கற்பனை என்றால் குழந்தைகளைப் பார்ப்போம். அமெரிக்காவின் டொலீடோ பல்கலைக்கழகத்தில் 36 சிறு குழந்தைகளை ஒருமுறை 4 பொம்மைகளோடும் இன்னொருமுறை 16 பொம்மைகளோடும் விளையாடவிட்டார்கள். நான்கு இருந்தபோது ஒவ்வொரு பொம்மையோடும் அதிக நேரம் இருந்தார்கள், அதை வைத்து விதவிதமாக விளையாடினார்கள். 2018-ல் வெளியான ஆய்வு இது. பொம்மை அள்ளிக் குவிந்த அறையில் குழந்தை 'போரடிக்குது' என்று நிற்பதைப் பார்த்த பெற்றோருக்கு இது புதிய செய்தியாக இருக்காது.

நினைவுகள். எதிரணியின் வாதங்களில் என்னைத் தொட்டது இது ஒன்றுதான். தாத்தாவின் மூக்குக் கண்ணாடி, பிள்ளை முதன்முதலில் கிறுக்கிய தாள் – இவற்றைத் தூக்கிப் போடச் சொல்ல யாருக்கும் உரிமை இல்லை. ஆனால் இப்போது அவை எங்கே இருக்கின்றன? பரண் மேல், உடைந்த மிக்ஸிக்கும் காலாவதியான பில்களுக்கும் கீழே, ஓர் அட்டைப் பெட்டியில். பூச்சி அரிக்கிறதா என்று பார்த்தே வருஷக் கணக்கு ஆகியிருக்கும். எல்லாவற்றையும் வைத்துக்கொள்கிறவரால் எதையும் பேண முடிவதில்லை. அந்த மிக்ஸி போகட்டும், பில்கள் போகட்டும். அந்தக் கண்ணாடியைத் துடைத்து, பிள்ளை கிறுக்கிய தாளுக்குச் சட்டம் போட்டு, நடமாடுகிற இடத்தில், சுற்றிலும் வேறெதுவும் இல்லாத சுவரில் வையுங்கள். வருகிறவர்கள் 'இது யாருடையது?' என்று கேட்பார்கள். தாத்தாவின் கதை அந்த வீட்டில் மறுபடியும் பேசப்படும்.

கடைசியாக, வயதானவர்களுக்காக ஒரு வார்த்தை. வீட்டுக்குள் முதியவர்கள் தடுக்கி விழுவதற்கு, நிலையாக ஒட்டாத தரைவிரிப்பும், குறுக்கே ஓடும் வயரும், நடைபாதையில் துருத்தி நிற்கும் சிறு மேஜையும் தெரிந்த காரணங்கள். வெறும் தரை என்று நாம் குறையாகச் சொல்கிற இடம்தான், இரவில் விளக்குப் போடாமல் எழுந்து போகிற பாட்டிக்குப் பாதை.

சரி, 'எப்போதாவது தேவைப்படுமே' என்றால் என்ன செய்வது என்று முன்வரிசையிலிருந்து ஒரு குரல் கேட்டது. சந்தேகமுள்ள பொருள்களை ஒரு பெட்டியில் போட்டு, மேலே இன்றைய தேதியை எழுதி ஒட்டி வையுங்கள். ஆறு மாதத்தில் எதைத் தேடிப்போய் எடுத்தீர்களோ அது உங்களுடையது. மற்றது பயன்படுத்தக்கூடிய இன்னொருவர் வீட்டுக்குப் போகட்டும். தொடங்கும்போது உங்கள் சொந்த அலமாரியில் தொடங்குங்கள். மனைவியின் புத்தகத்திலும், அப்பாவின் கருவிப் பெட்டியிலும், பிள்ளையின் கூழாங்கல் சேகரிப்பிலும் அவர்களைக் கேட்காமல் கை வைக்காதீர்கள். அவர்களுக்கு எது தேவை என்பதை அவர்கள்தான் சொல்ல வேண்டும்.

தீர்ப்பைத் தங்களிடம் விட்டு அமர்கிறேன், நடுவர் அவர்களே. நன்றி, வணக்கம்.